தூக்கத்தில் கைவைக்கும் அட்டவணை

படிப்பும் விளையாட்டும் ஒன்றாகப் போக வேண்டுமானால் பிள்ளைக்கு ‘டைம் மேனேஜ்மென்ட்’ தெரிய வேண்டும்; தெரியாவிட்டால் செல்பேசியில் ஒரு ஆப் இருக்கிறது, அது பார்த்துக்கொள்ளும். பெற்றோர் கூட்டத்திலும் மைதானத்து ஓரத்திலும் இப்போது இதுதான் பேச்சு. பள்ளி நேரம், பயிற்சி நேரம், தேர்வுத் தேதி என எல்லாவற்றையும் கொடுத்துவிட்டால் நாளை நிமிடக் கணக்கில் வகுத்துத் தந்துவிடுமாம். ஒரு வேலை தவறினால் தானே எடுத்து வேறொரு காலி இடத்தில் செருகிவிடுமாம். சாட்ஜிபிடியிடம் கேட்டாலும் அழகாகக் கட்டம் போட்டுத் தருகிறது. அதை அச்செடுத்து பீரோ கதவில் ஒட்டியாயிற்று. இனி பிள்ளை பின்தங்கினால் குற்றம் பிள்ளையுடையது. கட்டம் சரியாகத்தானே இருக்கிறது!

எனக்குச் சண்டை அந்த ஆப்புடன் இல்லை. விளையாடுகிற மாணவனிடம் ஒழுங்கு குறைவு, அதனால்தான் திணறுகிறான் என்கிற நம்பிக்கையுடன்தான். விடியுமுன் எழுந்து, மழையிலும் மைதானத்துக்குப் போய் நிற்கிற பிள்ளையைப் பார்த்து ஒழுங்கு இல்லை என்று சொல்ல நமக்கு எப்படி மனம் வருகிறது?

மாவட்ட விளையாட்டரங்கில் தடகளப் பயிற்சி பெறும் ஒரு பத்தாம் வகுப்பு மாணவனின் நாளை எடுத்துக்கொள்வோம். காலை 4.45-க்கு எழுகிறான். 5.30 முதல் 7.15 வரை மைதானம். 9 மணிக்குப் பள்ளி, மாலை 4.15-க்கு மணி. மறுபடி 6.30 வரை மைதானம். 7 மணிக்கு டியூஷன், 8.30-க்கு முடிகிறது. வீடு வந்து குளித்துச் சாப்பிட்டு நிமிரும்போது 9.30. இந்த நாளில் அவன் தன் விருப்பப்படி நகர்த்தக்கூடிய நேரம் எங்கே இருக்கிறது? பள்ளி மணியை அவன் அடிப்பதில்லை. பயிற்சி நேரத்தைக் கோச் வைக்கிறார். டியூஷன் நேரத்தை டியூஷன் சார் வைக்கிறார். டவுன் பஸ் நேரத்தைப் போக்குவரத்துக் கழகம் வைக்கிறது.

தானாக அட்டவணை போடும் எந்த ஆப்பும் வேலைகளை இரண்டாகப் பிரித்துக்கொள்கிறது: அசைக்க முடியாதவை, அசைக்கக் கூடியவை. முதல் வகையைச் சுவர்போல நிறுத்திவிட்டு, இரண்டாவதை இடுக்குகளில் அடைக்கிறது. மோஷன், ரீக்ளெய்ம் போன்ற ஆப்கள் அலுவலகக்காரர்களின் மீட்டிங் நெரிசலை மனத்தில் வைத்து உருவானவை. அவர்களால் ஒரு மீட்டிங்கைத் தள்ளிப்போட முடியும், ஒன்றை மறுக்கவும் முடியும். நம் மாணவனின் நாளிலோ எல்லாமே சுவர். எனவே வீட்டுப்பாடம் 9.30-லிருந்து 11.30-க்குப் போய் உட்காருகிறது. அடுத்த நாள் 4.45-க்கு அலாரம். மிஞ்சுகிற தூக்கம் ஐந்தேகால் மணி நேரம். தூக்கத்துக்கு ஒரு குறைந்தபட்ச அளவு வைத்தால் என்ன என்று கேட்கலாம். வையுங்கள். வேலைகளுக்கு இடமில்லை என்று சிவப்பில் எச்சரிக்கும். அதைப் பார்த்ததும் நாம் தூக்கத்தைத்தான் குறைப்போம், டியூஷனை அல்ல.

13 முதல் 18 வயதுக்காரர்களுக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று 2016-ல் அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி வரையறுத்தது. பருவ வயதில் உடற்கடிகாரமே தாமதமாகிறது. சீக்கிரம் படு என்றால் உறக்கம் வராது. அதனால்தான் நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30-க்கு முன் தொடங்கக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2014-ல் பரிந்துரைத்தது. அதே ஆண்டில் வந்த ஓர் ஆய்வில், 112 பள்ளி விளையாட்டு வீரர்களில் 8 மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியவர்களுக்குக் காயம்படும் வாய்ப்பு மற்றவர்களைவிட 1.7 மடங்கு இருந்தது. தொடைத் தசை பிடித்துக்கொண்டு ஒரு மாதம் உட்கார்ந்திருக்கிற பையனின் கதையில் அந்த வண்ண அட்டவணைக்கும் பங்கிருக்கக்கூடும். யாரும் அதைச் சந்தேகிப்பதில்லை.

இன்னொரு கோளாறு இதைவிட ஆழமானது. ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு நேரம் ஆகும் என்று ஆப்புக்குச் சொல்பவன் மாணவன்தான். மனிதர்கள் தங்கள் வேலைக்கான நேரத்தைக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்று உளவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979-லேயே எழுதிவிட்டார்கள். 1994-ல் வெளியான ஓர் ஆய்வில் பட்டப்படிப்பு மாணவர்களிடம் உங்கள் ஆய்வேட்டை முடிக்க எத்தனை நாள் ஆகும் என்று கேட்டபோது சராசரியாக 34 நாள் என்றார்கள். ஆனது 55 நாளுக்கும் மேல். இப்படிப்பட்ட கணிப்பை உள்ளே போட்டால் வெளியே வருவதும் கணிப்புதான்; கட்டமும் வண்ணமும் அதற்கு ஒரு துல்லியத் தோற்றத்தைக் கொடுக்கின்றன, அவ்வளவே.

மணிநேரம் என்ற அளவே மைதானத்தில் பொய் சொல்லும். 90 நிமிடப் பயிற்சி என்று கட்டத்தில் இருக்கிறது. அது மெல்லோட்டமா, 400 மீட்டரை எட்டு முறை விரட்டியதா? கார்ல் ஃபாஸ்டர் என்ற உடற்பயிற்சி அறிவியலாளர் பரப்பிய எளிய கணக்கு ஒன்று உண்டு. பயிற்சி முடிந்ததும் வீரரிடம் எவ்வளவு கடினமாக இருந்தது என்று பத்துக்கு ஒரு எண் கேட்பார்கள். அதை நிமிடங்களால் பெருக்குவார்கள். 90 நிமிடம், கடினம் 3 என்றால் 270. அதே 90 நிமிடம், கடினம் 8 என்றால் 720. இந்த இரண்டு மாலைகளுக்கும் நம் அட்டவணை ஒரே நிறத்தில் ஒரே கட்டம் வைக்கிறது. இரண்டுக்கும் பிறகு அதே முக்கோணவியலைப் படிக்கச் சொல்கிறது. நல்ல கோச் பிள்ளையின் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். “போடா, இன்னிக்குப் போதும், போய்த் தூங்கு” என்பார். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லும் ஆப்பை நான் பார்த்ததில்லை.

இது ஒரு நாளின் நெருக்கடி. ஆண்டைப் பார்த்தால் இன்னும் மோசம். குறுவட்டப் போட்டியில் தொடங்கி மாவட்டம், மாநிலம் என்று ஏறுகிற பிள்ளை, ஒவ்வொரு படியிலும் ஒரு தேர்வுடன் மோதுகிறது. கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டி 2024-ல் சென்னை, மதுரை, திருச்சி, கோவை ஆகிய நகரங்களில் ஜனவரி 19 முதல் 31 வரை நடந்தது. பன்னிரண்டாம் வகுப்பு வீட்டில் ஜனவரி என்றால் என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை. இதற்கு எந்தக் கட்டத்தை எங்கே நகர்த்துவது? பள்ளியில் இருக்கிற ஒரே பி.டி. பீரியடையும் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொள்கிறார். திருப்பித் தந்த கணக்கு வாத்தியார் வரலாற்றில் இல்லை.

சாம்பியன்கள் எல்லாம் இரண்டையும் சமாளிக்கவில்லையா என்பார்கள். யாரைச் சொல்கிறார்கள்? 2024 டிசம்பரில் 18 வயதில் உலகச் சதுரங்கப் பட்டம் வென்ற குகேஷ், நான்காம் வகுப்புக்குப் பிறகு முழுநேரமாகப் பள்ளிக்குப் போனவர் அல்ல. பிரக்ஞானந்தா 2022 மே மாதத்தில் செஸ்ஸபிள் மாஸ்டர்ஸ் இணையவழிப் போட்டியின் அரையிறுதியில் அனிஷ் கிரியை வென்றபோது நள்ளிரவு தாண்டி மணி இரண்டு ஆகியிருந்தது, காலை 8.45-க்குப் பள்ளியில் இருக்க வேண்டும், பதினோராம் வகுப்புத் தேர்வு. அந்த இரவை எந்த ஆப் வகுத்துக் கொடுத்தது? அவர்கள் விஷயத்தில் வளைந்து கொடுத்தவை குடும்பமும் பள்ளியும். அதை விட்டுவிட்டு மேசையில் இருந்த கால அட்டவணையைப் புகழ்கிறோம்.

வளைந்து கொடுக்க அமைப்புகளால் முடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. துப்பாக்கி சுடும் வீரர் அனிஷ் பன்வாலா 2018-ல் பத்தாம் வகுப்பில் இருந்தார். போட்டிகளோடு மோதிய பொதுத்தேர்வுத் தாள்களை அவர் தனியாக வேறு நாளில் எழுத சி.பி.எஸ்.இ. அனுமதித்தது. அவ்வாண்டு ஏப்ரலில் கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் 15 வயதில் தங்கம் வாங்கினார். ஒரு சுற்றறிக்கையால் தீர்கிற சிக்கல் இது.

விதி வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுக்கான என்.சி.ஏ.ஏ., பருவ காலத்தில் நாளுக்கு 4 மணி, வாரத்துக்கு 20 மணி என்று பயிற்சிக்கு உச்சவரம்பு வைத்திருக்கிறது. ஆனால் அந்தக் கணக்கில் போட்டி நாள், எத்தனை மணி நீண்டாலும், மூன்று மணிதான். பயண நேரம் கணக்கிலேயே வராது. காகிதத்தில் இருபது இருக்கும், உடம்பில் அதற்கு மேல் இருக்கும். அந்த ஓட்டை வரம்புகூட நம் பள்ளிப் பிள்ளைக்கு இல்லை.

தன் நேரம் தன் கையில் இருப்பவருக்கு இந்த ஆப் உதவும். விடுதியில் தங்கிப் படிக்கிற கல்லூரி மாணவர், தேர்வுக்கான படிப்பு விடுமுறையில் பாடங்களைப் பிரித்துக்கொள்ள ஆப் வைத்துக்கொள்ளட்டும், நல்லதுதான். ஆனால் மாலைப் பயிற்சி முடிந்து கடைசி டவுன் பஸ்ஸைப் பிடித்து, வீட்டுக்கு வந்ததும் தண்ணீர் பிடித்து வைத்து, தம்பிக்குச் சோறு போட்டுவிட்டுப் புத்தகத்தைத் திறக்கிற கபடி வீராங்கனைக்கு அது என்ன செய்யும்? தண்ணீர் பிடிப்பதற்கு அதில் கட்டமே இல்லை. அவள் மாதவிடாய் நாளும் அதற்கு ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை.

பெற்றோரே, ஆப்பைத் தரவிறக்கும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். இந்த ஆண்டின் போட்டித் தேதிகளைக் கோச்சிடமிருந்தும், தேர்வுத் தேதிகளைப் பள்ளியிலிருந்தும் வாங்கி ஒரே தாளில் எழுதுங்கள். மோதுகிற தேதிகளை வட்டமிட்டு, அந்தத் தாளோடு தலைமையாசிரியரைப் போய்ப் பாருங்கள். காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளுக்கு மறுதேர்வு நாளை எழுத்தில் கேளுங்கள். போட்டி மாதத்தில் டியூஷனை நிறுத்துங்கள். அது உங்கள் கையில்தான் இருக்கிறது, யாருடைய அனுமதியும் வேண்டாம். கோச்சிடம் காலைப் பயிற்சி வாரத்தில் எத்தனை நாள் உண்மையிலேயே தேவை என்று கேளுங்கள். பெரும்பாலான வீடுகளில் இந்தக் கேள்வியை இதுவரை யாரும் கேட்டதில்லை.