"புதுப்பித்தது" என்றொரு சொல்

சென்ற மாதம் கொழும்பில் ஒரு மடிக்கணினி வாங்கினேன். புதியது அல்ல. கடைக்காரர்கள் "ரீஃபர்பிஷ்ட்" என்று மந்திரம்போல் உச்சரிக்கும் வகை. தமிழில் "புதுப்பித்தது" என்று சொல்லலாம். சொல்லலாம்தான், எதைப் புதுப்பித்தீர்கள் என்று கேட்டால் பதில் சொல்லத்தான் அந்தக் கடையில் ஆளில்லை.

முதலில் இயந்திரத்துக்குரிய நியாயத்தைச் செய்துவிடுகிறேன். லெனோவோ திங்க்பேட் பி52. 2018இல் சந்தைக்கு வந்தது. ஆறு கருக்கள் கொண்ட எட்டாம் தலைமுறை இன்டெல் கோர் ஐ7 செயலி, 32 ஜிபி றாம், தனியான வரைகலை அட்டை. நிறை ஏறத்தாழ இரண்டரைக் கிலோ. மடியில் வைத்துப் பார்த்தால் மடிக்கணினி என்ற பெயரே கேலியாகப் படும். பொறியியலாளர்களையும் படத்தொகுப்பாளர்களையும் மனத்தில் வைத்துச் செய்த யந்திரம். எனக்கு ஏன் அது? பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்த பத்திரிகை நறுக்குகளைப் பிரதி செய்து அடுக்கும் வேலை ஒன்றைத் தொடங்கியிருக்கிறேன். பழைய கணினி ஒரு முழுப் பக்கத்தைத் திறந்து காட்டுவதற்குள் தேநீர் ஆறிவிடும். இது இருபது பக்கங்களை ஒருசேரத் திறந்தும் களைக்கவில்லை. மூடியைக் கழற்றி நினைவகத்தைக் கூட்டலாம், வட்டை மாற்றலாம். இன்று அழகுக்காக மெலிந்துகொண்டே போகும் புதிய கணினிகள் பலவற்றில் றாம் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கிறது. வாங்கிய அன்று எவ்வளவோ, சாகும்வரை அவ்வளவுதான். நான் கொடுத்த பணத்துக்கு இத்தனை வலுவுள்ள புதிய கணினி கிடைக்காது. ஆகவே பாவித்த கணினியை வாங்காதீர்கள் என்பதல்ல என் வழக்கு. வழக்கு அந்தச் சொல்லின் மீது.

வீட்டுக்கு வந்து தட்டச்சுச் செய்ய உட்கார்ந்தபோதுதான் விசைகளின் மீது மெல்லிய ஸ்டிக்கர்கள் ஒட்டப்பட்டிருப்பதைக் கண்டேன். ஒன்றை நகத்தால் கிளப்பினேன். அடியில் ஜேர்மன் விசைப்பலகை! வை இருக்க வேண்டிய இடத்தில் இசெட். அதைக்கூடச் சகித்துக்கொள்ளலாம். ஐரோப்பிய விசைப்பலகையில் இடப்பக்க ஷிப்ட் விசை குறுகியது. பக்கத்தில் மேலதிகமாக ஒரு விசை முளைத்திருக்கும். பாமினி முறையில் தட்டச்சுச் செய்து பழகிய கைக்கு ஷிப்ட் இல்லாமல் ஒரு வரி நகராது. இரண்டு நாளாக என் சின்ன விரல் அந்த அந்நிய விசையிலேயே போய் விழுந்தது.

அடுத்தது மின்கலம். விண்டோஸில் ஒரு கட்டளை கொடுத்தால் மின்கல அறிக்கை வந்துவிடும். செய்தபோது இருந்த கொள்ளளவு எவ்வளவு, இன்று முழுதாய் ஏற்றினால் எவ்வளவு என்று அது ஒளிவுமறைவின்றிச் சொல்லும். 90 வாட் மணி கொள்ள வேண்டிய என் மின்கலம் 38 கொள்கிறது. பாதிக்கும் குறைவு. லிதியம் மின்கலம் காலத்தோடு தேய்வது இயற்கை. அதில் யார் மீதும் குற்றமில்லை. தேய்ந்ததைப் புதுப்பித்தது என்று விற்பது இயற்கை அல்ல. பிறகு சார்ஜர். 170 வாட் கேட்கும் கணினிக்கு 90 வாட் சார்ஜரைச் சுற்றிக் கொடுத்திருக்கிறார்கள். முனை பொருந்துகிறது, அவ்வளவுதான். பரிந்துரைத்ததிலும் வலுக் குறைந்த சார்ஜர் இணைக்கப்பட்டிருக்கிறது என்று கணினியே திரையில் முறையிட்டது. கடைக்காரர் சொல்லாத உண்மையை யந்திரம் சொல்லிற்று.

நான் ஏமாந்தது பெரிய காரியமல்ல. அன்று என் பக்கத்தில் ஒரு தாயும் மகனும் நின்றார்கள். மகனுக்கு மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை கிடைத்திருந்தது. "இது நாலு வருஷத்துக்கு நிற்குமா தம்பி?" என்று அந்த அம்மா கேட்டார். "ஐ7 அம்மா, ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ" என்றான் விற்பனைப் பையன். ஐ7 என்பது 2008 முதல் இன்டெல் ஒட்டிவந்த பெயர். அந்தப் பெயரில் பதினாறு வயது யந்திரமும் உண்டு, மூன்று வயது யந்திரமும் உண்டு. எந்தத் தலைமுறை என்று சொல்லாமல் ஐ7 என்பது, ஊர் சொல்லாமல் "கந்தசாமி வீடு" என்பது போன்றது. அவர்கள் வாங்கிப் போனது, பிற்பாடு நான் ஆராய்ந்த அளவில், ஆறாம் தலைமுறை. விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14ஆந் திகதி நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஆறாம் தலைமுறையை ஏற்பதில்லை. குறுக்கு வழியில் நிறுவிக் கொடுப்பார்கள். கடையில் அழகாகத்தான் ஓடும். பாதுகாப்புத் திருத்தங்கள் வந்துகொண்டேயிருக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. அப்போது எனக்கும் இது தெரியாது. தெரியாமல் நான் அந்த அம்மாவைப் பார்த்துத் தலையாட்டினேன் என்பதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

வாகனம் என்றால் நம்மவர் இப்படி ஏமாறுவார்களா? யப்பானிலிருந்து வரும் "ரீகண்டிஷன்" காருக்கு ஏலத் தாளைக் காட்டு என்று கேட்காதவர் இல்லை. எத்தனை கிலோமீற்றர் ஓடியது, எந்தக் கதவில் கீறல், எல்லாம் அதில் இருக்க வேண்டும். மீற்றரைத் திருப்பி வைத்தவர்களிடம் பட்ட அடியில் கற்ற பாடம் அது. கணினிக்கும் மீற்றர் இருக்கிறது. வட்டு எத்தனை மணித்தியாலம் ஓடியது என்பதை வட்டே எழுதி வைத்திருக்கிறது. கேட்பார்தான் இல்லை.

என் தொழிலில் இதற்கு நிகரான ஒன்று உண்டு. "திருத்திய இரண்டாம் பதிப்பு" என்று போட்டுவிட்டு அட்டையை மட்டும் மாற்றும் பதிப்பாளர்கள். எழுத்துப் பிழைகள் முதற் பதிப்பில் இருந்த அதே பக்கங்களில் அதே வரிகளில் பத்திரமாக இருக்கும்.

எல்லா இடத்திலும் இந்தச் சொல் இப்படி வெறுமையாய் இல்லை. அப்பிள் நிறுவனம் தானே புதுப்பித்து விற்கும் ஐபோனுக்குப் புதிய மின்கலமும் புதிய வெளிக்கூடும் போட்டு ஓராண்டு உத்தரவாதமும் தருகிறது. என் கணினி புறப்பட்டு வந்த ஐரோப்பாவில், வியாபாரி விற்கும் பாவித்த பொருளுக்கான சட்டப் பொறுப்பை ஓராண்டுக்குக் கீழே குறைக்க முடியாது. அதே யந்திரம் கப்பலேறி இங்கு வந்ததும் ஒரு மாத "கடை வாரண்டி"க்கு இறங்கிவிடுகிறது. அதிலும் மின்கலம் சேராது, சார்ஜர் சேராது, திரை சேராது. பிறகு என்னதான் சேரும்? சட்டம் இல்லாமலும் இல்லை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், நுகர்வோரைத் தவறாக வழிநடத்தும் வியாபார நடத்தையைத் தடைசெய்கிறது. அரிசிக்கும் சீனிக்கும் விலை பார்க்கப் புறப்படும் அதிகாரிகள் கணினிக் கடைப் படியையும் ஒரு நாள் ஏறினால் என்ன?

நான் மறுபடி ஏறினேன். ஒரு தாளில் ஐந்து வரி எழுதிக்கொண்டு போனேன். செயலியின் தலைமுறை, மின்கலத்தின் இன்றைய கொள்ளளவு, வட்டு ஓடிய மணித்தியாலம், மாற்றப்பட்ட பாகங்கள், மாற்றப்படாத பாகங்கள். இதை நிரப்பிக் கையொப்பமிட்டுப் பற்றுச்சீட்டோடு தாருங்கள் என்றேன். பையன் முதலாளியைக் கூப்பிட்டான். அவர் மரியாதையானவர், கதிரை போட்டு உட்காரவைத்து, தாளை இருமுறை வாசித்தார்.

"ஐயா, உங்களுக்கு இப்பிடி எழுதித் தந்தால் பிறகு எல்லாரும் கேட்பினமே" என்றார்.

அதற்காகத்தான் கேட்கிறேன் என்றேன். சிரித்தார். சார்ஜரை மாற்றித் தந்தார். தாளை வெறுமையாகவே திருப்பித் தந்தார்.