தொப்பூர் கணவாயில் கைகொடுப்பது டைட்டானியமா, பேட்டரியா?

பெங்களூரிலிருந்து சரக்கு ஏற்றிக்கொண்டு சேலம் வரும் லாரிகளுக்குத் தேசிய நெடுஞ்சாலை 44-ல் ஒரு சோதனை இருக்கிறது. தருமபுரியைத் தாண்டியதும் மலைகளுக்கு நடுவே இறங்கும் தொப்பூர் கணவாய்தான் அது. வளைவும் இறக்கமும் சேர்ந்த சாலை. இரட்டைப் பாலம் பக்கம் நடந்த விபத்துகளைப் பற்றி மாவட்டத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அந்த இறக்கத்தில் வண்டி நின்றுவிட்டால் டிரைவர் முதலில் தேடுவது செல்போனைத்தான். ஓனருக்குச் சொல்ல வேண்டும், மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும், நெடுஞ்சாலை உதவிக்கு 1033, யாருக்காவது அடிபட்டிருந்தால் 108. ஆனால், அதே போன்தான் காலையிலிருந்து கண்ணாடி ஓரத்தில் மேப் காட்டிக்கொண்டு இருந்திருக்கும். ஃபாஸ்டேக் ரீசார்ஜ், இ-வே பில், வீட்டுக்கு வீடியோ கால், நடுநடுவே பாட்டு எல்லாம் அதில்தான். கணவாய்க்கு வரும்போது சார்ஜ் எவ்வளவு மிச்சம் இருக்கும்?

ரயிலில் போகிறவர்களுக்கும் இதே கேள்விதான். 2021 நவம்பர் 12 அன்று, விடிவதற்கு முன்பே, தொப்பூர் – சிவாடி இடையே பாறைகள் விழுந்து கண்ணூர் – யஷ்வந்த்பூர் எக்ஸ்பிரஸ் தடம் புரண்டது. நல்லவேளையாகப் பயணிகள் உயிர் தப்பினார்கள். அப்படியொரு இருட்டில் நின்றுபோன ரயிலில் டார்ச்சும் போன்தான், வீட்டுக்குத் தகவல் சொல்லும் வழியும் போன்தான்.

ஆனால், போன் விளம்பரங்களில் முதலில் வருவது என்ன? டைட்டானியம் ஃபிரேம், கண்ணாடி பேக், லெதர் ஃபினிஷ். பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும் என்பது பெரும்பாலும் கடைசி வரியில்தான். கடையில் போனைக் கையில் எடுக்கும் முதல் ஐந்து நொடியில் தெரிவது பாடி. பேட்டரியின் லட்சணம் தெரிவதற்கு ஆறு மாதம் ஆகும். இந்த இடைவெளியில்தான் நம் பணம் தவறான இடத்துக்குப் போகிறது.

பவுச் போட்டால் எல்லாம் ஒன்றுதான்

புதுப் போன் வாங்கியதும் நம் ஊரில் நடக்கும் அடுத்த வேலை என்ன? கடைக்காரரே டெம்பர் கிளாஸ் ஒட்டி, ஒரு ரப்பர் பவுச்சும் போட்டுத் தருவார். கூடுதலாகப் பல ஆயிரம் கொடுத்து வாங்கிய கண்ணாடியும் உலோகமும் அன்றே ரப்பருக்குள் போய்விடும். அதன் பிறகு அதைத் தொட்டுப் பார்க்கும் வாய்ப்பு பவுச் மாற்றும் நாளில் மட்டும்தான்.

கண்ணாடி பேக்கில் ஒரு பயன் இருக்கிறது. வயர்லெஸ் சார்ஜிங் உலோகத் தகட்டின் வழியே வேலை செய்யாது, கண்ணாடி வழியே செய்யும். ஆனால், பிளாஸ்டிக் வழியேயும் அது வேலை செய்யும். பெரும்பாலான நடுத்தர விலை போன்களில் அந்த வசதியே கிடையாது. அங்கே கண்ணாடி பேக் வெறும் அழகுக்குத்தான். கீழே விழுந்தால் உடைய முன்பக்கம் ஒன்றுதான் இருந்தது, இப்போது பின்பக்கமும் சேர்ந்துகொண்டது.

சாம்சங் போட்ட ஒரு யூ-டர்ன்

அழகுக்காக வசதியைக் கைவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நல்ல உதாரணம் சாம்சங்கின் மூன்று போன்கள்.

2014-ல் வந்த கேலக்ஸி எஸ்5 முழுக்க பிளாஸ்டிக். 'விலை உயர்ந்த போன் மாதிரியே இல்லை' என்று கேலி செய்தார்கள். ஆனால், அதன் பின்மூடியை நகத்தால் நெம்பித் திறந்து, 2,800 எம்.ஏ.எச். பேட்டரியைக் கழற்றி வேறு ஒன்றைப் போடலாம். மெமரி கார்டு போடலாம். தண்ணீர், தூசுக்கு எதிராக ஐபி67 சான்றும் இருந்தது.

கேலியைத் துடைக்க 2015-ல் கேலக்ஸி எஸ்6 வந்தது. இரண்டு பக்கமும் கண்ணாடி, நடுவில் உலோகம். பார்க்க ஜம்மென்று இருந்தது. ஆனால், பேட்டரி 2,550 எம்.ஏ.எச். ஆகக் குறைந்தது, கழற்றவும் முடியாது. மெமரி கார்டு போச்சு. தண்ணீர்ப் பாதுகாப்பும் போச்சு. அடுத்த ஆண்டே வந்த எஸ்7-ல் மெமரி கார்டும் தண்ணீர்ப் பாதுகாப்பும் திரும்பி வந்தன, பேட்டரி 3,000 ஆனது. கழற்றும் பேட்டரி மட்டும் திரும்பவே இல்லை.

தண்ணீர் புகாமல் இருக்க போனைப் பசை போட்டு மூடித்தான் ஆக வேண்டும் என்று இன்று சொல்லப்படும் காரணத்துக்கு, எஸ்5 பதில் சொல்லிவிட்டது. திறக்கக்கூடிய பிளாஸ்டிக் போனிலும் அது முடிந்தது.

டைட்டானியம் வந்தது, அலுமினியம் திரும்பியது

அப்படியானால் பாடி எதில் செய்தது என்பதே தேவையில்லாத கேள்வியா? இல்லை. அது அழகைத் தாண்டி ஒரு வேலையும் செய்கிறது. உள்ளே உண்டாகும் சூட்டை வெளியே கடத்தும் வேலை.

2023 செப்டம்பரில் ஐபோன் 15 ப்ரோவில் ஆப்பிள் டைட்டானியத்தைக் கொண்டுவந்தது. அதற்கு முன்பு இருந்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைவிட லேசானது. 206 கிராம் இருந்த ப்ரோ போன் 187 கிராமாக இறங்கியது. சில மாதங்களில் சாம்சங்கும் எஸ்24 அல்ட்ராவில் டைட்டானியத்துக்கு மாறியது. அதன் பிறகு 'டைட்டானியம்' என்ற சொல்லே ஒரு கௌரவம் ஆகிவிட்டது.

ஆனால், டைட்டானியம் வெப்பத்தை எளிதில் கடத்தாது. அலுமினியம் அதைவிடப் பல மடங்கு நன்றாகக் கடத்தும். நம் வீட்டு இட்லிக் குண்டானும் குக்கரும் அலுமினியத்தில் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். 2025 செப்டம்பரில் ஐபோன் 17 ப்ரோ வந்தபோது, ஆப்பிள் டைட்டானியத்தை விட்டுவிட்டு அலுமினியத்துக்குத் திரும்பியது. சூட்டைப் பரப்ப உள்ளே ஒரு வேப்பர் சேம்பரும் வைத்தது. போன் கொஞ்சம் தடித்தது, எடையும் கூடியது, பேட்டரிக்கு இடம் கிடைத்தது. பதிலுக்கு, கேமரா மேட்டின் விளிம்பில் சீக்கிரம் கீறல் விழுகிறது என்ற புகார்கள் வந்தன. அலுமினியத்தின் மேல் இருக்கும் வண்ணப் பூச்சு அவ்வளவுதான் தாங்கும்.

ஐபோனின் உலோகக் கூடுகள் தயாராகும் இடங்களில் ஒன்று ஓசூர் அருகே உள்ள டாடா எலெக்ட்ரானிக்ஸ் ஆலை. தொப்பூரிலிருந்து இதே நெடுஞ்சாலையில் வடக்கே இரண்டு மணி நேரப் பயணம். எந்த உலோகம் என்ற முடிவு கலிஃபோர்னியாவில் எடுக்கப்பட்டாலும், அதைக் கடைந்து கூடாக்கும் வேலை நம் பக்கத்திலும் நடக்கிறது.

சூடு ஏன் இவ்வளவு முக்கியம்? லித்தியம் பேட்டரிக்கு முதல் எதிரி அதுதான். ஐபோனை 0 முதல் 35 டிகிரி வரையிலான வெப்பத்தில் பயன்படுத்தும்படி ஆப்பிள் சொல்கிறது. தருமபுரி மாவட்டத்தில் கோடைப் பகல் 35 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். வெயில் படும் லாரிக் கண்ணாடியில், மேப் ஓடிக்கொண்டு, சார்ஜும் ஏறிக்கொண்டு இருக்கும் போனுக்கு அதைவிட மோசமான இடம் இருக்க முடியாது. சூடானால் போன் வெளிச்சத்தைக் குறைக்கும், வேகத்தைக் குறைக்கும், சார்ஜ் ஏற்றுவதை நிறுத்தும். பேட்டரியின் ஆயுளும் சேர்ந்தே குறையும்.

பேட்டரி பெரிதானால் போன் செங்கல் ஆகிவிடுமா?

ஒரு காலத்தில் ஆகத்தான் செய்தது. 2020-ல் வந்த சாம்சங் கேலக்ஸி எம்51-ல் 7,000 எம்.ஏ.எச். பேட்டரி. பிளாஸ்டிக் பாடியாக இருந்தும் எடை 213 கிராம், தடிமன் 9.5 மில்லிமீட்டர்.

இப்போது நிலைமை மாறியிருக்கிறது. 2025 ஏப்ரலில் 22,000 ரூபாய்க்குள் தொடங்கும் விலையில் வந்த ஐகூ இசட்10-ல் 7,300 எம்.ஏ.எச். பேட்டரி. ஆனால், தடிமன் 8 மில்லிமீட்டருக்குள், எடை சுமார் 200 கிராம். வித்தியாசம் பேட்டரிக்குள் இருக்கிறது. வழக்கமான பேட்டரியில் ஒரு முனை கிராஃபைட்டால் ஆனது. அதில் சிலிக்கானைச் சேர்த்தால் அதே இடத்தில் அதிக மின்சாரம் சேமிக்கலாம். ஆனால், சார்ஜ் ஏறும்போது சிலிக்கான் உப்பும். அதை அடக்கக் கார்பனோடு கலந்து செய்வதால் இதற்கு சிலிக்கான்-கார்பன் பேட்டரி என்று பெயர்.

இதற்கு எதிர்த்திசையில் ஐபோன் ஏர். டைட்டானியம் ஃபிரேம், 5.6 மில்லிமீட்டர் தடிமன், 3,149 எம்.ஏ.எச். பேட்டரி, ஒரு லட்சத்துக்கு மேல் விலை. அதை அறிமுகம் செய்த அன்றே, அதன் முதுகில் ஒட்டிக்கொள்ள ஒரு தனி பேட்டரியையும் ஆப்பிள் விற்பனைக்கு வைத்தது. ஒல்லியான போன் வாங்கி, அதைத் தடியாக்க இன்னொரு முறை பணம் கொடுக்க வேண்டும்!

எம்.ஏ.எச். மட்டும் பார்த்தால் போதுமா?

போதாது. ஐபோன்களின் எண் சிறியதாக இருந்தாலும் சிப்பும் சாஃப்ட்வேரும் சிக்கனமாக இருப்பதால் அவை தாக்குப்பிடிக்கின்றன. 7,000 என்று எழுதியிருக்கும் போனிலும் திரை வெளிச்சம் முழுதாக இருந்தால் சார்ஜ் கரையத்தான் செய்யும்.

மலைப்பாதையில் இன்னொரு செலவும் உண்டு. டவர் தூரத்தில் இருந்தால், அதை எட்டுவதற்காக போன் அதிகச் சக்தியுடன் சிக்னல் அனுப்பும். ஊருக்குள் நாள் முழுக்கத் தாங்கும் போன், கணவாயில் சீக்கிரம் இறங்குவதற்கு இதுவும் காரணம்.

அடுத்தது, எத்தனை ஆண்டு தாங்கும் என்பது. ஐரோப்பிய யூனியனில் 2025 ஜூன் 20 முதல் ஒரு விதி அமலில் இருக்கிறது. அங்கே புதிதாக விற்பனைக்கு வரும் போனின் பேட்டரி, 800 முறை முழுதாக சார்ஜ் ஏறி இறங்கிய பிறகும் குறைந்தது 80 சதவிகிதத் திறனோடு இருக்க வேண்டும். நம் வீட்டு ஃபிரிட்ஜில் ஸ்டார் ஸ்டிக்கர் இருப்பதுபோல, போனுக்கும் அங்கே ஒரு லேபிள் உண்டு. ஒரு சார்ஜில் எத்தனை மணி நேரம், கீழே விழுந்தால் எவ்வளவு தாங்கும், ரிப்பேர் செய்வது எவ்வளவு எளிது என்று அதில் இருக்கும். பாடி எந்த உலோகம் என்பதற்கு அந்த லேபிளில் இடமே இல்லை!

இந்தியாவிலும் போன், டேப்லெட்டுகளுக்கு ரிப்பேர் மதிப்பெண் தருவது பற்றி மத்திய நுகர்வோர் விவகாரத் துறை அமைத்த குழு 2025 மே மாதம் அறிக்கை கொடுத்தது.

பழைய நோக்கியா 1100-ஐ வீட்டுப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2003-ல் வந்த அந்த பிளாஸ்டிக் போன் உலகம் முழுக்க 25 கோடிக்கும் மேல் விற்றது. தூசு புகாத கீபேட், தலையில் ஒரு டார்ச், நாள்கணக்கில் நிற்கும் சார்ஜ். ஷோ காட்ட அதில் எதுவும் இல்லை. வேலைக்கு வேண்டியது எல்லாம் இருந்தது.

புதுப் போன் வாங்கும் முன்...

* பவுச் போடுவீர்கள் என்றால், பின்பக்கம் கண்ணாடியா பிளாஸ்டிக்கா என்பதற்காகக் கூடுதல் பணம் தர வேண்டாம். அந்தப் பணத்தைப் பெரிய பேட்டரிக்கோ கூடுதல் மெமரிக்கோ கொடுங்கள்.

* வெயிலில் அலைபவர், வண்டி ஓட்டுபவர் என்றால் அலுமினிய ஃபிரேமும் நல்ல கூலிங்கும் உள்ள போனுக்கு முன்னுரிமை தரலாம். மேப் ஓடும்போது ஏசி காற்று படும் இடத்தில் வைத்தால் இன்னும் நல்லது. ஏசி இல்லாத வண்டி என்றால், நேர் வெயில் படாத பக்கமாக மாட்டுங்கள்.

* தாத்தா பாட்டிக்கு வாங்குகிறீர்கள் என்றால் எடையைப் பாருங்கள். 220 கிராம் போனை ஒரு கையில் பிடித்துப் பேசுவது அவர்களுக்குச் சிரமம்.

* படிக்கிற பிள்ளைகளுக்கு, கீழே விழும் என்று வைத்துக்கொண்டே வாங்குங்கள். டிஸ்பிளே, பின்பக்கம், பேட்டரி மூன்றையும் மாற்ற என்ன செலவு என்று உங்கள் ஊருக்குப் பக்கத்தில் உள்ள சர்வீஸ் சென்டரில் முன்கூட்டியே கேளுங்கள்.

* வெளிநாட்டு ரிவ்யூவை நம்பி வாங்கினால், இந்திய மாடலின் பேட்டரி அளவைத் தனியாகச் சரிபாருங்கள். ஒரே பெயரில் வரும் போனுக்கு நாட்டுக்கு நாடு பேட்டரி மாறுவது உண்டு.

* பழைய போன் மற்றபடி நன்றாக இருந்து, சார்ஜ் மட்டும் நிற்கவில்லை என்றால் பேட்டரியை மட்டும் மாற்றிப் பாருங்கள். புதுப் போன் விலையில் சிறு பங்குதான் ஆகும்.

கணவாய் வழியாகப் பயணம் என்றால் இன்னும் ஒன்று. தருமபுரியிலோ சேலத்திலோ சாப்பிட வண்டியை நிறுத்தும்போதே போனையும் சார்ஜில் போடுங்கள். சார்ஜ் 20 சதவிகிதத்துக்குக் கீழே வந்தால் பேட்டரி சேவரை ஆன் செய்துவிடுங்கள். உங்கள் நெட்வொர்க் கிடைக்காத இடத்தில்கூட, 112-க்குப் போடும் அவசர அழைப்பு அங்கே கிடைக்கும் வேறு நெட்வொர்க் வழியாகப் போக முயலும். அதற்கு போனில் கொஞ்சமாவது உயிர் இருக்க வேண்டும்.