நாடகத்தனம் என்றொரு வசவு

2024 மே மாதம். குணா குகையின் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு ஒரு பையன் "சுபாஷ்!" என்று அடித்தொண்டையில் கத்தினான். கூட வந்தவர்கள் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். கொஞ்சம் தள்ளி, சோலை மரத்தின் வேர்கள் மேல் உட்கார்ந்து இன்னொரு கும்பல் 'குணா'வின் அந்தக் கடிதப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தது. பிப்ரவரியில் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' வந்ததிலிருந்து எங்கள் ஊரில் இதுதான் தினசரிக் காட்சி. அந்த மாதம்தான் இ-பாஸ் நடைமுறைக்கு வந்திருந்தது. அப்படியும் தூண் பாறையிலிருந்து வண்டிகள் நகரவில்லை.

நான் கொடைக்கானல்காரன். அப்பா டாக்ஸி ஓட்டினார், நான் தங்கும் விடுதி ஒன்றில் கணக்குப் பார்க்கிறேன், ஆள் இல்லாத நாட்களில் வண்டியும் ஓட்டுகிறேன். அன்றைக்கு வண்டியில் இருந்தது சென்னையிலிருந்து வந்த மூன்று பேர். நன்றாகப் படித்தவர்கள், நிறையப் படம் பார்ப்பவர்கள். குகையிலிருந்து திரும்பும்போது உலகின் தலைசிறந்த நடிகர்கள் யார் என்று பேச்சு வந்தது. டேனியல் டே லூயிஸ், பிராண்டோ, மிஃபுனே, நம் பக்கத்துக்கு ஃபஹத். ஒருவர் சிவாஜி என்று மெல்ல ஆரம்பித்தார். பின் சீட்டிலிருந்து உடனே தீர்ப்பு வந்தது: "ப்ரோ, அது நாடகத்தனம்."

முடிந்தது. அந்த ஒரு சொல்லுக்கு மேல் வாதம் கிடையாது. படம் தெரிந்தவன் என்று காட்டிக்கொள்ள இன்றைக்குத் தமிழில் இருக்கும் மிக மலிவான நுழைவுச் சீட்டு இந்தச் சொல்தான். நானும் அந்தச் சீட்டை வாங்கியவன் என்பதால் இதை உரிமையோடு திட்டுகிறேன். சில வருஷம் முன்னால் 'திருவிளையாடல்' பற்றி முகநூலில் எழுதும்போது கே.பி. சுந்தராம்பாளின் நடிப்பை "நாடகத்தனத்தின் எச்சம்" என்று எழுதி நூற்றுச் சொச்சம் லைக் வாங்கினேன். வத்தலக்குண்டுப் பக்கம் அடிவாரத்தில் இருக்கும் என் அம்மாச்சியிடம் இதைப் பெருமையாகச் சொன்னபோது அவர் ஒன்றுதான் கேட்டார்: "நீ நாடகம் பாத்திருக்கியாய்யா?"

பார்த்ததில்லை. நான் மட்டுமில்லை, அந்தச் சொல்லைப் பயன்படுத்தும் பத்தில் ஒன்பது பேர் விடிய விடிய நடக்கும் ஒரு நாடகத்தை முழுதாக உட்கார்ந்து பார்த்திருக்க மாட்டார்கள். ருசி பார்க்காத பண்டத்தின் பெயரால் இன்னொரு பண்டத்தைத் திட்டிக்கொண்டிருக்கிறோம்.

அந்தக் குகையிலிருந்தே ஆரம்பிக்கலாம். 1821இல் வார்டு என்ற வெள்ளைக்கார சர்வே அதிகாரி பழனி மலையை அளக்க வந்த காலத்திலிருந்து அது டெவில்ஸ் கிச்சன். 1991 தீபாவளிக்கு 'தளபதி'யோடு மோதி 'குணா' வந்தது. அதன் பிறகு சாத்தான் வெளியேறினான், குணா குடியேறினான். ஒரு நடிகர் ஏற்ற பாத்திரத்தின் பெயரை ஒரு மலைப் பள்ளம் இன்று வரை சுமக்கிறது. நல்லதுதான், கமல்ஹாசனின் ஆகச்சிறந்த வேலைகளில் அது ஒன்று என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த நடிப்பு எங்கிருந்து வந்தது?

'களத்தூர் கண்ணம்மா'வுக்குப் பிறகு சிறுவன் கமல் போய்ச் சேர்ந்த இடம் டி.கே.எஸ். நாடக சபை. அங்கே அவருக்கு ஆசான் டி.கே. சண்முகம். ஔவையார் வேஷம் கட்டியே ஔவை சண்முகம் என்று பெயர் வாங்கியவர். 1996இல் 'அவ்வை சண்முகி' என்று தலைப்பு வைத்ததும் அந்த வாத்தியாருக்கு வைத்த வணக்கம்தான். அந்தச் சண்முகம் 1918இல் மதுரையில், ஆறு வயசுப் பையனாக, ஒரு பாலர் நாடக சபையில் சேர்ந்தார். வாத்தியார் சங்கரதாஸ் சுவாமிகள். (2019 நடிகர் சங்கத் தேர்தலில் ஓர் அணிக்கு வைத்த பெயராகத்தான் உங்களில் பலருக்கு அவரைத் தெரிந்திருக்கும். என்னத்தச் சொல்ல.)

ஆக, சுவாமிகள், சண்முகம், கமல், குகை. நடுவில் ஒரே ஒரு தலைமுறைதான். அந்தக் கடிதப் பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அவன் வசனமாகச் சொல்கிறான், அவள் பாட்டாக்குகிறாள், பாட்டு நின்று மறுபடி பேச்சாகிறது, பேச்சு எங்கே முடிந்தது ராகம் எங்கே தொடங்கியது என்று தெரியாமல் ஒன்றுக்குள் ஒன்று புகுகிறது. பாட்டும் வசனமும் இப்படி மாறி மாறிக் கைகோர்ப்பது இசை நாடக மேடையின் ஆதி இலக்கணம். வேலியைப் பிடித்துக்கொண்டு உருகிப் பாடுகிறீர்களே, அது நாடகத்தனம். அசல் நாடகத்தனம்.

மேடை நடிப்பு ஏன் பெரிதாக இருக்கிறது என்று யாராவது யோசித்தோமா? சுவாமிகள் காலத்தில் ஒலிபெருக்கி கிடையாது. வெளிச்சம் கேஸ் விளக்கு. எதிரே ஆயிரக்கணக்கில் ஜனம், கைக்குழந்தை அழும், கடலை வறுக்கும் சட்டியின் சத்தம் வேறு. கடைசியில் உட்கார்ந்திருப்பவனும் டிக்கெட் எடுத்தவன்தான். அவன் கண்ணுக்குப் புருவம் தெரியாது. தோளும் கையும் நடையும்தான் தெரியும். அவன் காதுக்குப் போய்ச் சேர்வதற்காகத்தான் சுருதி ஏறியது. கேமராவுக்கு முன்னால் அந்த அளவு தேவையில்லை, சரி. தேவையில்லாத இடத்தில் வந்தால் உறுத்தும், அதுவும் சரி. அதற்காக அந்த அளவையே கலைக்குறைவு என்றால் எப்படி? தேர்வடத்தைப் பார்த்து ஊசி நூலுக்கு ஆகாது என்று சொல்கிற கதை.

இந்த மொழிக்கு அளவு தெரியும். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை மேடைக்கு எட்டுக் கோல் நீளம், ஏழு கோல் அகலம், ஒரு கோல் உயரம் என்று கணக்குச் சொல்கிறது. மாதவியின் ஆட்டத்தை ரசிப்பதற்கு முன்னால் அவள் நிற்கும் பலகையை அளக்கிறார் இளங்கோ. நாம் மேடையைப் பார்க்காமலேயே மதிப்பெண் போடுகிறோம்.

கே.பி.எஸ்.ஸுக்கு வருகிறேன், என் பாவக் கணக்கு அங்கேதான் இருக்கிறது. 1908இல் கொடுமுடியில் பிறந்தவர். பங்குனி உத்திரத்துக்குக் காவிரித் தீர்த்தம் எடுத்துப் பழனிக்குக் கால்நடையாக வருகிறார்களே, அந்தக் கொடுமுடி. இலங்கைக்கு நாடகம் நடிக்கப் போன இடத்தில் செங்கோட்டை கிட்டப்பாவோடு ஜோடி சேர்ந்தார். இருவரும் மேடையில் ஒருவருக்கொருவர் சுருதி ஏற்றிப் பாடிக்கொண்டதைக் கேட்டவர்கள் சாகும்வரை அதைப் பற்றியே பேசினார்கள். 1933இல் கிட்டப்பா இறந்தபோது அவருக்கு 27 வயசு. ஒரு படத்தில்கூட நடிக்கவில்லை. சில கிராமபோன் தட்டுகள் மட்டும் மிச்சம். உங்கள் பட்டியலில் கிட்டப்பாவுக்கு இடமில்லாததற்கு அவர் நடிப்பு காரணமில்லை. அவர் கேமரா முன்னால் நிற்பதற்குள் செத்துப்போனார், அவ்வளவுதான்.

இருபத்தைந்து வயசில் வெள்ளைச் சேலை கட்டிய சுந்தராம்பாளை மறுபடி நடிக்க வைக்க, 1935இல் 'பக்த நந்தனார்' படத்துக்கு லட்ச ரூபாய் கொடுத்தார்கள். நந்தனாராக, ஆண் வேஷத்தில். சாரா பெர்னார்ட் ஹாம்லெட்டாக நடித்ததை உலக நாடக வரலாற்றில் விழுந்து விழுந்து படிக்கிறோம். கொடுமுடிக்காரி நந்தனாராக நின்றது நமக்கு வெறும் வினாடி வினாக் கேள்வி. 1965இல் 'திருவிளையாட'லில் ஔவையாக வந்து, கோபித்துக்கொண்டு பழனியில் நிற்கும் பிள்ளையைச் சமாதானப்படுத்துகிறாரே, அந்தக் காட்சியை இப்போது மறுபடி பாருங்கள். உடம்பை அசைக்கவே மாட்டார். குரல் ஒன்றுதான் நடிக்கும். அதைத்தான் நான் எச்சம் என்று எழுதினேன்.

அதே படத்தில் தருமியாக வரும் நாகேஷ், பழனிக்கு வடக்கே தாராபுரத்து ஆள். ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டே நாடகத்தில் வயிற்றுவலிக்காரனாக வந்து எம்.ஜி.ஆரிடம் பாராட்டு வாங்கியவர். தருமியை யாரும் நாடகத்தனம் என்று சொல்வதில்லை. சிரிக்க வைத்தால் அது டைமிங், அழ வைத்தால் நாடகத்தனம். இந்த ஓரவஞ்சனைக்கு என்ன பெயர் வைப்பது?

வெள்ளைக்காரனை ஒரு விஷயத்தில் மெச்ச வேண்டும். டேவிட் காரிக் 1779இல் செத்தார். அவர் குரலைக் கேட்டவர் இன்று உலகத்தில் ஒருவரும் இல்லை. ஆனாலும் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அவர் கல்லறை இருக்கிறது, லண்டனில் அவர் பெயரில் தியேட்டர் ஓடுகிறது, அவர் எப்படி நடித்தார் என்று இன்னும் சண்டை போடுகிறார்கள். பதிவு இல்லை என்பதால் அவர் பெரிய நடிகர் இல்லை என்று அங்கே யாரும் முடிவுகட்டவில்லை. இங்கேயும் சிலை உண்டு, நினைவில்லம் உண்டு. மாலை போடும் தேதி உண்டு. இல்லாமல் போனது ரசனை. "படம்தான் நிலைக்கும், நாடகம் காற்றோடு போச்சு" என்பவர்களுக்கு ஒரு தகவல்: தமிழின் முதல் பேசும்படம் 'காளிதாஸ்' (1931) கிடைக்கவில்லை. டி.பி. ராஜலட்சுமி அதில் எப்படி நடித்தார் என்று பார்க்க நமக்கு வழியில்லை. சுவாமிகளின் 'வள்ளி திருமணம்' இந்த வருஷமும் நடக்கும்.

விசுவநாத தாஸ் அந்த நாடகத்தில் நடித்தபடிதான் 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் மேடையிலேயே உயிர் விட்டார், முருகன் வேஷத்தோடு. வள்ளி தினைப்புனத்தில் பறவை விரட்டும் கட்டத்தில் வெள்ளைக் கொக்கு என்று வெள்ளைக்காரனைப் பாடிப் பலமுறை ஜெயிலுக்குப் போனவர். மருத்துவர் சாதியில் பிறந்ததால் அவரோடு ஜோடியாக நடிக்க மறுத்த நடிகைகள் இருந்தார்கள். போலீஸ் ஒரு பக்கம், சாதி ஒரு பக்கம், நடுவில் மயிலாசனம். இதையெல்லாம் சுமந்துகொண்டு நின்ற உடம்பைப் பார்த்து "கொஞ்சம் அண்டர்ப்ளே பண்ணியிருக்கலாம்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அம்மாச்சி கேட்ட கேள்விக்குப் பிறகு, அடுத்த வருஷம் மாசித் திருவிழாவுக்கு அவர் ஊருக்கு இறங்கினேன். ஸ்பெஷல் நாடகம். ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் வேறு ஊர், பபூன் இன்னோர் ஊர். ஒத்திகை கிடையாது, டைரக்டர் கிடையாது. அன்றைக்கு ராத்திரி மேடைக்குப் பின்னால் பார்த்துக்கொண்டால்தான் உண்டு. அமெரிக்கக்காரர் சூசன் சீஸர் மதுரையில் தங்கி இந்த நடிகர்களைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார், 2005இல் வந்தது. நம்மாட்கள் அவர்களைப் பற்றி நாலு பக்கம் எழுதச் சோம்பல்படுகிறோம். குறையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. பபூன் அடித்த ஜோக்குகளில் பாதி காது கூசும் ரகம். நடுநடுவே சினிமாப் பாட்டு வேறு. எனக்கு ஒரு மணிக்குத் தூக்கம் வந்தது.

ரெண்டு மணி வாக்கில் கரண்ட் போனது. வள்ளிக்கும் நாரதருக்கும் தர்க்கம் உச்சத்தில் இருந்த நேரம். மைக் செத்தது. ஆர்மோனியக்காரர் விரலை எடுக்கவில்லை. அந்த அம்மாவும் நிறுத்தவில்லை. நாற்பத்தைந்து வயசு இருக்கும். இருட்டுக்குள், விட்ட வரியிலிருந்தே, குரலை இன்னும் ரெண்டு படி மேலே தூக்கிப் பாடினார். கோயிலுக்குப் பின்னால் சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வந்து நின்றார்கள். யாரோ போன் டார்ச் அடித்தார்கள். அந்தச் சின்ன வெளிச்சத்தில் முகம் சரியாகத் தெரியவில்லை, கை மட்டும் தெரிந்தது. நாரதரைப் பார்த்து அந்தக் கை கேட்ட கேள்வி, மலைக்காரி என்றால் இளக்காரமா என்பது, கடைசி வரிசையில் நின்ற எனக்குப் புரிந்தது. மேடைக்கு அந்தக் கை அளவாகத்தான் இருந்தது.

விடிந்த பிறகு டீக்கடையில் அவரைப் பார்த்தேன். அரிதாரம் கழுவிய முகத்தில் காதோரம் கொஞ்சம் ரோஸ் மிச்சம். அம்மாச்சி என்னை அறிமுகப்படுத்தி, "பேரன் சினிமாவப் பத்தியெல்லாம் எழுதுவான்" என்றார். அந்த அம்மா சிரித்தார். "எழுதுங்க தம்பி. ஆனா என் பேரு, போட்டோ போட்றாதீங்க. குடியிருக்குற வீட்ல டெய்லரிங்னு சொல்லி வச்சிருக்கேன். நாடகம்னா வீடு தர மாட்டாங்க."

அந்த வீட்டுக்காரர் என்ன படித்தவர், எந்த ஊர்க்காரர் என்று எனக்குத் தெரியாது. ஆனால் நடிகை என்று தெரிந்தால் வீடு இல்லை என்று அவர் சொல்வதும், நாடகம் என்ற சொல்லை நாம் வசவாக்கி வைத்திருப்பதும் ஒரே தறியில் நெய்த துணி. அவர் சாவியைத் தர மறுக்கிறார், நாம் பட்டியலில் இடம் தர மறுக்கிறோம். அவருக்காவது அவர் வீடு. இந்தப் பட்டியல் யார் அப்பன் வீட்டுச் சொத்து?

அந்த முகநூல் பதிவை அழிக்கவில்லை, கீழே அம்மாச்சியின் கேள்வியை மட்டும் சேர்த்து வைத்தேன். அதற்கு மூன்று லைக்.

வரும் மாசிக்கும் நாடகம் இருக்கிறது. சென்னை நண்பர்களிடம் சொல்லியிருக்கிறேன், பின் சீட்டு ஆள் உட்பட. குகை பார்க்க வருகிறவர்கள் திரும்பும் வழியில் வத்தலக்குண்டில் இறங்கிக்கொள்ளலாம். அடிவாரத்திலும் ராத்திரி பனி இறங்கும், போர்வை எடுத்து வாருங்கள். பாய் அம்மாச்சி வீட்டில் இருக்கிறது. பத்து மணிக்குப் பபூன் வந்துவிடுவார். வள்ளி வர ஒரு மணி ஆகும். அதுவரைக்கும் தூங்கிடாதீங்க.