அலமாரி ஜாதகம்

யார் வீட்டுக்குப் போனாலும், காபி வருவதற்குள் புத்தக அலமாரி முன்னால் போய்க் கழுத்தைச் சாய்த்து நின்றுவிடுவது என் வழக்கம். கிட்டத்தட்ட ஜாதகம் பார்க்கிற மாதிரி. ஒரே உயரத்தில் தங்க எழுத்து பைண்டிங்காக இருந்தால், அது சோபாவோடு சேர்த்து வாங்கியது. முதுகு பிய்ந்து செலோடேப் ஒட்டியிருந்தால், ஆசாமி நம்மவர்.

பிரபலங்களின் அலமாரி என்றால் கேட்கவே வேண்டாம். ரோலிங் ஸ்டோன்ஸ் கிடாரிஸ்ட் கீத் ரிச்சர்ட்ஸ் 1998-ல் கீழே விழுந்து விலா எலும்பை முறித்துக்கொண்டார். ஐரோப்பாக் கச்சேரிகள் தள்ளிப்போயின. அவருடைய பூர்வ சரித்திரம் தெரிந்தவர்கள், 'ராத்திரி கொஞ்சம் ஓவராகியிருக்கும்' என்பார்கள். இல்லை சார்! வீட்டு லைப்ரரியில் ஏணி மேல் ஏறி, புத்தகம் எடுக்கப் போய் விழுந்தார்.

இருந்தாலும் என் ஓட்டு டேவிட் போவிக்குத்தான். ஆரஞ்சு முடியும் முகத்தில் மின்னல் கோடுமாக எழுபதுகளில் இங்கிலாந்தைக் கலக்கியவர். 16 வயசில் பள்ளிக்கூடத்தை விட்டபோது ஓ லெவல் பரீட்சையில் பாஸானது ஒரே பாடம். அதுவும் ஓவியம். அப்படிப்பட்டவர் 1975-ல் நியூ மெக்ஸிகோவுக்கு சினிமா ஷூட்டிங் போனபோது 400 புத்தகங்களைக் கூடவே கொண்டுபோனதாகச் சொல்லியிருக்கிறார். மேக்கப் சாமான்கள் எத்தனை பெட்டியோ!

2013-ல் அவரைப் பற்றி நடந்த கண்காட்சியை ஒட்டி அவருடைய 100 புத்தகங்கள் கொண்ட பட்டியல் ஒன்று வெளியானது. பெரிய மனுஷர் லிஸ்ட் என்றாலே கஞ்சி போட்ட வேட்டி மாதிரி விறைப்பாக இருக்கும். இதில் ஹோமரும் தாந்தேயும் இருக்கிறார்கள். கூடவே 'பீனோ'வும் இருக்கிறது. அது இங்கிலாந்துப் பொடியன்கள் படிக்கும் காமிக்ஸ். கம்பனுக்குப் பக்கத்தில் இரும்புக்கை மாயாவியை வைத்து லிஸ்ட் கொடுக்க நம்மில் எத்தனை பேருக்கு தைரியம் வரும்?

ஆர்வெல்லின் '1984' நாவலும் உண்டு. அதை மேடை நாடகமாக்க ஆசைப்பட்டார் போவி. ஆர்வெல்லின் மனைவி முடியாது என்றுவிட்டார். மனுஷர் அசரவில்லை. அதற்காக எழுதிய பாட்டுகளை 1974-ல் 'டயமண்ட் டாக்ஸ்' ஆல்பத்தில் சேர்த்துவிட்டார்.

ஆனால் என்னை நிறுத்தியது வேறு இரண்டு புத்தகங்கள்.

ஒன்று ஜாக் கெரோவாக்கின் 'ஆன் தி ரோட்'. போவியைச் சின்ன வயசில் அதன் பக்கம் திருப்பியவர் அண்ணன் டெரி. அம்மா ஒன்று, அப்பா வேறு. பத்து வயசு மூத்தவர். ஜாஸ் இசையையும் தம்பிக்குக் காட்டியது அவர்தான். பிற்பாடு டெரிக்கு ஸ்கிஸோஃப்ரெனியா. வருஷக்கணக்காக மனநல மருத்துவமனை. 1985-ல் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார்.

இன்னொன்று 'தி டிவைடட் செல்ஃப்'. ஆர்.டி. லெய்ங் என்ற மனநல டாக்டர் 1960-ல் வெளியிட்டது. நாம் சுலபமாகப் பைத்தியம் என்று சொல்லிவிடுகிறோமே, அந்த மனசுக்குள்ளிருந்து பார்த்தால் உலகம் எப்படி இருக்கும் என்று சொல்ல முயன்ற புத்தகம்.

ஒன்று அண்ணன் காட்டியது. மற்றது அண்ணனைப் புரிந்துகொள்ளத் தேடியது என்றுதான் எனக்குப் படுகிறது. ஹோமரும் தாந்தேயும் அவருடைய படிப்பைச் சொல்கிறார்கள். இந்த இரண்டும் அவருடைய வீட்டைச் சொல்கின்றன.

2016 ஜனவரியில் போவி இறந்தார். 2017 கடைசியில் அவர் மகன் டங்கன் ஜோன்ஸ், அப்பாவுக்குப் பிடித்த புத்தகங்களைப் படிப்பதற்கென்றே ட்விட்டரில் ஒரு வாசகர் வட்டம் ஆரம்பித்தார். பெரியப்பா ஆரம்பித்து வைத்த காரியம், ஒரு தலைமுறை தாண்டிப் போயிருக்கிறது.

இன்றைக்கு ஆபீஸ் விட்டு வந்ததும் உங்கள் அலமாரியைப் பாருங்கள். எந்தப் புத்தகத்தை உங்கள் கையில் யார் திணித்தார்கள் என்று ஞாபகம் வருகிறதா? அவர் இருந்தால் ஒரு போன் போடுங்கள்.

இரவல் வாங்கித் திருப்பித் தராததாக இருந்தால் மட்டும், கொஞ்சம் யோசித்துப் போடுங்கள்.