கரையில் தங்குவோரும் கடைமடையில் வாழ்வோரும்

ஒரு நீர்நிலையையும் அதன் கரையையும் ஆளும் பொறுப்பை ஏற்றவர், அதைக் குத்தகைக்கு விடவோ அழகுபடுத்தவோ முனையும் முன்னர், அது யார்பொருட்டுத் தம்மிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது என்னும் வினாவுக்கு விடை கூறக் கடமைப்பட்டவர். ஏரிக்கரையில் உலவ வருபவர் சில மணி நேரத்துக்கு அதன் விருந்தினர். கூடாரம் அடித்துத் தங்குபவர் ஓரிரவுக்கு விருந்தினர். அந்நீரைக் குடித்தும் வயலுக்குப் பாய்ச்சியும் வாழ்பவரோ தலைமுறை தலைமுறையாக அதன் உரியவர். இம்மூவர் நலனும் ஒன்றோடொன்று மோதுமிடத்தில் எவர் நலன் முந்தியது என்பதை முதற்பக்கத்திலேயே தெளிவுபடுத்தாத திட்டம், எத்துணை வண்ண வரைபடங்களோடு வந்தாலும், மக்களின் ஒப்புதலைக் கோரும் தகுதி உடையதாகாது.

ஏரிக்கரைப் பூங்காக்களை மேம்படுத்துவதும், அங்கே கூடாரத் தங்கலுக்கு இடமளிப்பதும் இன்று சுற்றுலா வளர்ச்சியின் இன்றியமையாக் கூறுகளாகப் பேசப்படுகின்றன. இம்முயற்சியை அடியோடு மறுப்பது நம் நோக்கமன்று. நகரத்து இடுக்கில் வளரும் பிள்ளை ஒருமுறையேனும் திறந்த வானின்கீழ் உறங்கி, விடியற்காலையில் நீர்ப்பறவைகளின் ஒலிகேட்டு விழிப்பது கல்வியின் ஒரு பகுதியே. சாரணர் இயக்கம் இதனை நூறாண்டுக்கும் மேலாகச் செய்து காட்டி வருகிறது. கட்டடம் எழுப்பி நிலத்தை நிலையாக விழுங்கும் விடுதியைவிட, பிரித்து எடுத்துச் செல்லத்தக்க கூடாரம் நிலத்துக்குக் குறைந்த தீங்கே செய்யும் என்பதும் உண்மை. எனினும் அந்த உண்மை, கூடாரம் கூடாரமாகவே இருக்கும் வரையில்தான் செல்லும். அதன் அடியில் சிமெண்ட் தளமும், அருகே குளியலறையும், அடுத்து உணவகமும், அவற்றை இணைக்கும் தார்ச்சாலையும் எழுந்த பின்னர், துணிக்கூரை போர்த்திய விடுதியென்றே அதைக் கொள்ள வேண்டும்.

இவ்வகை அத்துமீறலை நம் நாட்டின் நீதிமன்றங்கள் அறியாதவையல்ல. இமாசலப் பிரதேசத்தில் பியாஸ் ஆற்றங்கரையின் வனநிலம் ஒரு விடுதிக்குக் குத்தகையாக அளிக்கப்பட்டு, விடுதியின் பாதுகாப்புக்காக ஆற்றின் போக்கே திருப்பப்பட்ட வழக்கில், நீரும் காடும் கரையும் மக்கள்பொருட்டு அரசிடம் ஒப்படைக்கப்பட்ட பொதுச்செல்வங்கள் என்றும், அரசு அவற்றின் காப்பாளரே அன்றி உடைமையாளர் அன்று என்றும் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, குத்தகையை நீக்கியது. லக்னோவில் ஒரு பொதுப்பூங்காவின் அடியில் நிலத்தடி அங்காடி கட்ட மாநகராட்சியே இசைந்து, கட்டுமானமும் பெருமளவு நடந்தேறிய பின்னர், 1999-இல் அதே நீதிமன்றம் அக்கட்டடத்தை அகற்றிப் பூங்காவை மீட்டமைக்குமாறு ஆணையிட்டது. பணம் செலவாகிவிட்டது, இனி என் செய்வது என்னும் வாதம் அங்கே எடுபடவில்லை. நம் உள்ளாட்சி அமைப்புகளின் பொறியாளர்கள் ஒப்பந்தப்புள்ளி கோரும் முன் ஒருமுறை படித்தறிய வேண்டிய தீர்ப்புகள் இவை.

சட்டத்தைவிடக் கடுமையான சான்று நம் மலைகளிலேயே இருக்கிறது. கோவை மாவட்ட ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன், மலைச்சரிவுகளிலிருந்து இறங்கும் ஓடைகளைத் தடுத்து 1820-களில் உதகை ஏரியை உருவாக்கினார். பின்வந்தோர் அதைக் காத்தனரா? ஏரியின் ஒரு பகுதியில் குதிரைப் பந்தயத் திடல் அமைந்தது. மற்றொரு பகுதியில் பேருந்து நிலையம் எழுந்தது. வேறொரு பகுதி பூங்காவாயிற்று. ஒவ்வொன்றும் அதனதன் காலத்தில் நகர மேம்பாடு என்றே கருதப்பட்டது. எந்த ஒன்றும் தன்னளவில் ஏரியை அழித்துவிடவில்லை. ஆயினும் எல்லாம் சேர்ந்து, எஞ்சிய நீர்ப்பரப்பை நகரின் கழிவுநீர் வந்து தங்கும் இடமாக மாற்றின. கோடப்பமந்து கால்வாய் வழியே நகரின் அழுக்கு ஏரியில் கலப்பதைத் தடுக்க அரசுகள் பன்முறை முயன்றும் இன்றுவரை முழு வெற்றி கிட்டவில்லை. அந்நீரின்மீதுதான் சுற்றுலாப் பயணிகள் கட்டணம் செலுத்திப் படகில் செல்கின்றனர். பந்தயத் திடல் நிலத்தை 2024-இல் அரசு மீட்டது பாராட்டத்தக்க செயல். அங்கே பூங்கா அமைவதில் எமக்கு மறுப்பில்லை. ஆனால் ஏரியிடமிருந்து எடுக்கப்பட்ட நிலத்தில் முதற்பங்கு மழைநீருக்கே உரியது என்பதை அப்பூங்காவின் வடிவமைப்பு ஏற்றாக வேண்டும்.

கோடைக்கானலின் நிலை இன்னும் நுண்மையானது. மதுரை ஆட்சியராயிருந்த வியர் லெவிஞ்ச் 1863-இல் அமைத்த ஏரி அந்நகரின் நடுவே கிடக்கிறது; கரையை ஒட்டிப் பிரையண்ட் பூங்கா விரிகிறது; ஏரியைச் சுற்றிய பாதையில் நடப்பதற்கென்றே பிற மாவட்டங்களிலிருந்து குடும்பங்கள் வந்து சேர்கின்றன. ஏரி, பூங்கா, தங்கல் மூன்றையும் இணைத்துத் திட்டமிடுவோர்க்கு இதைவிட இயல்பான இடம் தோன்றாது. அதனாலேயே இங்கே கூடுதல் எச்சரிக்கை வேண்டும்.

நகரில் இயங்கிய பாதரச வெப்பமானி ஆலை 2001-இல் மூடப்பட்டது. அதன் விளைவு மூடப்படவில்லை. ஏரியின் நீரிலும் வண்டலிலும் மீனிலும் பாதரசம் படிந்திருப்பதை அறிவியலாளர் ஆய்ந்து 2006-இல் வெளியிட்டனர். எந்த ஏரியையும் மேம்படுத்தப் புகுவோர் முதலில் கையிடும் வேலை தூர்வாருதல், கரையை அகலப்படுத்தல், எடுத்த வண்டலைக் கொட்டி நடைபாதைக்கும் புல்வெளிக்கும் மேடு அமைத்தல். வேறெந்த ஏரியிலும் வழக்கமான இவ்வேலை, கோடைக்கானல் ஏரியில் அடியில் உறங்கும் நஞ்சை எழுப்பிவிடக்கூடிய செயல். வண்டலின் ஒவ்வொரு பகுதியையும் சோதித்து, முடிவுகளை ஊரறிய வெளியிட்டு, எடுக்கும் வண்டல் எங்கே போகும் என்பதையும் உறுதிசெய்த பின்னரே அங்கே இயந்திரம் இறங்கலாம். சிறுவர் மண்ணில் விளையாடும் பூங்காவை அமைப்பவர்க்கு இது விருப்பத்துக்குரிய ஒன்றாக இருக்க இயலாது.

இந்த ஏரி வழிந்தால் அந்நீர் வத்தலக்குண்டு சாலையோரத்து வெள்ளி அருவியாக வீழ்ந்து கீழே செல்கிறது. மலைநகரில் நீரின்மீது இழைக்கும் பிழை மலைநகரோடு நின்றுவிடுவதில்லை. கரையோரத்தில் ஐம்பது கூடாரங்கள் அமைந்தால், அவற்றில் தங்குவோரின் கழிவும், சவர்க்காரம் கலந்த நீரும், உணவு மிச்சமும் இரவுதோறும் எங்கேனும் போய்ச் சேர்ந்தாக வேண்டும். பாறையின்மேல் மெல்லிய மண் படிந்த மலைச்சரிவில் உறிஞ்சுகுழி தோண்டுவது, கழிவை ஏரிக்குச் சற்றே காலந்தாழ்த்தி அனுப்புவதற்கே நிகர். உணவு மிச்சமோ காட்டெருமையையும் காட்டுப்பன்றியையும் கரைக்கு அழைக்கும். கோடைக்கானலின் தெருக்களில் காட்டெருமை நடமாடுவது இப்போதே அன்றாடக் காட்சி என்பதை அந்நகர் மக்கள் நன்கறிவர்.

இவற்றுக்கெல்லாம் மேலாக நிற்பது எண்ணிக்கை. சென்னை உயர் நீதிமன்ற ஆணையின்படி 2024 மே முதல் உதகைக்கும் கோடைக்கானலுக்கும் செல்லும் ஊர்திகளுக்கு இணையவழி நுழைவுச்சீட்டு நடைமுறைக்கு வந்தது. 2025 கோடைப் பருவத்தில் கோடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 ஊர்திகள் என நீதிமன்றமே வரம்பு விதித்தது. மலையின் தாங்குதிறனை ஆராயும் பொறுப்பும் உயர்கல்வி நிறுவனங்களிடம் அளிக்கப்பட்டது. வணிகர்க்கும் விடுதியாளர்க்கும் இதில் மனக்குறை உண்டு. அவர்தம் வாழ்வாதாரக் கவலை புறந்தள்ளத்தக்கதும் அன்று. ஆயினும் வரும் ஊர்திகளின் தொகைக்கு நீதிமன்றமே எல்லை வகுத்த நகரில், தங்குவோர் தொகையைக் கூட்டும் திட்டத்தை அத்தாங்குதிறன் ஆய்வோடு பொருத்திப் பாராமல் முன்வைப்பது பொறுப்பாகாது. பகலில் வந்து மாலையில் இறங்குபவரைவிட, இரவும் தங்குபவர் மலையின் நீரையும் விறகையும் அமைதியையும் மிகுதியாகவே நுகர்கிறார்.

எல்லை வகுத்தால் மக்கள் பொறுக்கமாட்டார் என்று அஞ்ச வேண்டியதில்லை. அதே மலையில் பெரிஜம் ஏரி இருக்கிறது. பெரியகுளத்துக்குக் குடிநீர் அளிப்பது அது. வனத்துறையின் இசைவு பெற்ற குறைந்த எண்ணிக்கையிலான ஊர்திகளே, பகற்பொழுதில் மட்டும், அங்கே செல்கின்றன. இசைவு கிடைக்காதவர் மறுநாள் முயல்கின்றனர். பெரிஜத்தைக் கண்டவர் எவரும் அங்கே உணவகம் இல்லையே என்று வருந்தித் திரும்பியதாக நாம் கேட்டதில்லை.

தங்குவோரின் உயிர்க்காப்பும் திட்டமிடுவோர் தலைமேல் நிற்கும் கடமை. மலேசியாவின் பத்தாங் காலியில் 2022 டிசம்பரில் நள்ளிரவில் நிலம் சரிந்து, முகாமில் உறங்கிக்கொண்டிருந்தோர் 31 பேர், குழந்தைகள் உட்பட, மண்ணுக்குள் மாண்டனர். அவ்விடம் பண்ணையாக நடத்தப்பட்டதே அன்றி, முகாம் நடத்துவதற்கான உரிமம் பெற்றதன்று என்பது பின்னரே வெளிப்பட்டது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்ற இளையோரைக் காட்டுத்தீ பலிகொண்ட பின்னரே தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கு விதிகள் பிறந்தன. பிணங்களை எண்ணிய பிறகு விதி வகுக்கும் இப்பழக்கம் ஏரிக்கரை முகாம்களிலும் தொடரக்கூடாது. எங்கே சரிவு, எங்கே காட்டு விலங்கின் வழித்தடம், எந்தத் திங்களில் நெருப்பு மூட்டலாகாது, இரவில் ஓர் உயிர்க்கு ஆபத்தெனில் மருத்துவமனைக்கு எவ்வளவு நேரம் என்பன முதற்கூடாரம் எழும்முன் எழுதப்பட வேண்டியவை.

இத்தனையையும் யார் பார்ப்பது? கோடைக்கானலை எடுத்துக்கொண்டால், ஏரியைக் கவனிப்பது நகராட்சி. பூங்காவைப் பேணுவது தோட்டக்கலைத் துறை. படகு விடுவோருள் சுற்றுலா வளர்ச்சிக் கழகமும் உண்டு. சூழ்ந்த காடு வனத்துறையின் கையில். ஒவ்வொரு துறையும் தன் எல்லைக்குள் நேர்மையோடு செயலாற்றினாலும், எல்லைகள் சந்திக்கும் இடத்தில் வழியும் கழிவுக்குப் பொறுப்பாளர் இலர்.

பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள், குறிப்பாக 921-ஆம் ஆண்டுக்குரியது, இந்நோக்கில் மீண்டும் எண்ணத்தக்கவை. குடவோலை முறைக்காக அவற்றைப் பள்ளிப் பாடத்தில் அனைவரும் படித்திருப்போம். அவற்றில் நாம் போற்றும் தேர்தல் முறைக்கு அப்பாலும் செய்தி உண்டு. அவ்வூரார் ஏரி வாரியம், தோட்ட வாரியம் என இரண்டையும் தனித்தனியே அமைத்தனர். ஏரிக்கு அறுவர், தோட்டத்துக்குப் பன்னிருவர். ஆயினும் இரண்டும் ஒரே சபையிலிருந்து தோன்றி அதே சபைக்கு விடை கூறின. ஆண்டு வாரியம் என்னும் மற்றொரு குழுவுக்கு உரியோர் அவ்விரண்டிலும் முன்பு பணியாற்றி நீரையும் நிலத்தையும் அறிந்தவராய் இருத்தல் வேண்டும் என்றனர். 360 நாள் பணி முடிந்ததும் விலக வேண்டும். வாரியப் பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமின்றி, அவருடைய நெருங்கிய உறவினரும் அடுத்துப் பொறுப்பேற்கத் தகுதி இழந்தனர். அச்சபை நிலமுடைய அந்தணர் ஆடவரின் சபை. பெண்டிர்க்கும் உழுதோர்க்கும் அதில் இடமில்லை. அந்தக் குறையை மறைத்து அதனைப் பொற்காலமெனப் பாட நாம் விழையவில்லை. ஆனால் எல்லார்க்கும் வாக்குரிமை பெற்றுவிட்ட நாம், ஏரிக்கணக்கை ஊர்முன் வைப்பதில் அவர்களைவிடப் பின்தங்கி நிற்பது நாணத்தக்கது. உத்தரமேரூர் ஏரியான வயிரமேகத் தடாகத்தின் கரையில் வாழ்ந்தோர் அன்று கேட்ட கணக்கை இன்று கோடைக்கானலிலோ உதகையிலோ ஒரு குடிமகன் கேட்டால், எந்த அலுவலகத்தின் கதவைத் தட்டுவது என்றே அவருக்குத் தெரியாது.

ஆகவே ஏரிக்கரைப் பூங்காவை மேம்படுத்தப் புகும் எந்த உள்ளாட்சியும், நீரைப் பற்றிய பொறுப்பு முழுவதும் ஒரே அமைப்பிடம் இருக்குமாறு முதலில் செய்யட்டும். அவ்வமைப்பில் ஏரிநீரைப் பயன்கொள்ளும் கீழ்நாட்டு ஊர்களுக்கும் இடம் இருக்கட்டும். பாதுகாக்கப்பட்ட ஈரநிலங்களில் வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் நிலையான கட்டுமானம் கூடாதென 2017-ஆம் ஆண்டு ஈரநில விதிகள் கூறுகின்றன. அறிவிக்கப்படாத சிறிய ஏரிக்கும் அதே இடைவெளியைத் தாமே விதித்துக்கொள்வது உள்ளாட்சிக்குப் பெருமையே தரும். கூடாரம் அதற்கும் அப்பால், கழிவைச் சேகரித்து அகற்ற வழியுள்ள இடத்தில், பருவம் முடிந்ததும் சுவடின்றி எடுக்கத்தக்கதாய் அமையட்டும். கட்டணத்தைப் பொறுத்தவரை ஒன்று கூறுவோம்: அரசுப்பள்ளி மாணவர் வந்து தங்க இயலாத முகாமுக்குப் பொதுநிலத்தில் ஒரு முழம் இடமும் அளிக்கலாகாது. காலையில் கரையில் நடக்கும் உள்ளூர் முதியவரிடம் நுழைவுக்கட்டணம் வாங்கும் பூங்கா, பொதுப்பூங்கா என்னும் பெயரையும் துறந்துவிடட்டும்.

வரைவுத் திட்டம் தமிழில், ஏரிக்கரையிலேயே, எவரும் நின்று படிக்கத்தக்க வகையில் ஒட்டப்பட வேண்டும். ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பு வெளிவந்த பின்னர் நடத்தும் கருத்துக்கேட்பு வெறுஞ்சடங்கே. அதற்கு முன்னர், நீர்ச்சோதனை முடிவுகளும் தாங்குதிறன் ஆய்வும் மக்கள் கையில் இருக்கும்போது, நகர்மன்றம் கூடி அவர்கள் கேட்கும் ஒவ்வொரு வினாவுக்கும் எழுத்தில் விடையளிக்க வேண்டும். இக்கடமையைத் தாமாகவே முன்வந்து ஆற்றுமாறு மலைநகரங்களின் மன்றங்களை வேண்டுகிறோம். அவை தவறுமிடத்து அம்மன்றங்களின் கதவைத் தட்டுமாறு அந்நகரங்களின் வாக்காளர்களையும், அந்நீரைக் குடிக்கும் கீழ்நாட்டு மக்களையும் வேண்டுகிறோம்.