அறுநூறு மித்கால் வழக்கு



எங்கள் கேள்வி-பதில் பகுதிக்கு ஒரு பள்ளி மாணவியிடமிருந்து அஞ்சலட்டை வந்திருந்தது. “உலகத்திலேயே இதுவரை பெரிய பணக்காரர் மன்சா மூசாதானாம். அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் வந்தது. அவர் எந்த நாட்டு ராஜா? அவருக்கு முன்னும் பின்னும் யாரும் ஆளவில்லையா?” என்று கேட்டிருந்தார். முதல் கேள்விக்கு ஒரே வரியில் பதில் எழுதிவிடலாம்: மேற்கு ஆப்பிரிக்காவின் மாலிப் பேரரசு. இரண்டாவது கேள்விக்குக் கேள்வி-பதில் பகுதியில் இடம் போதாது. அதனால் இந்த மாதம் என் பக்கத்தை அந்த மாணவிக்குக் கொடுத்துவிட்டேன்.

நைஜர் ஆற்றின் மேல்பகுதியில், இன்றைய கினியும் மாலியும் சந்திக்கிற இடத்தில் வாழ்கிறவர்கள் மலிங்கே மக்கள். 13, 14ஆம் நூற்றாண்டுகளில் அவர்களுடைய அரசு அட்லாண்டிக் கடற்கரையிலிருந்து நைஜரின் வளைவில் இருக்கும் காவோ நகரம் வரை பரந்திருந்தது. அரசருக்குப் பட்டம் மன்சா. அந்த மன்சாக்களை நமக்குச் சொன்னவர்கள் இரண்டு வகையினர். ஒரு வகையினர் ஜெலி எனப்படும் பரம்பரைக் கதைப்பாடகர்கள். அப்பனிடமிருந்து மகன் கேட்டு, மனத்தில் வைத்துப் பாடுகிறவர்கள். மற்ற வகையினர் அரபு மொழியில் எழுதிய அறிஞர்களும் பயணிகளும். வேடிக்கை என்னவென்றால், இரண்டு தரப்பும் ஒரே அரசரைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை.

ஜெலிகளின் நாயகன் சுந்தியாட்டா கெய்த்தா. சோகோலோன் என்ற, அழகில்லாதவள் என்று ஊரார் பழித்த அரசிக்குப் பிறந்த பிள்ளை. ஏழு வயதாகியும் நடக்க வரவில்லை. மூத்தாளின் ஏளனம் தாங்காமல் தாய் அழுத அன்று, கொல்லன் அடித்த இரும்புத் தடியை ஊன்றி எழுந்து நின்றான், தடி வளைந்துபோயிற்று, நேரே போய்ப் பாவோபாப் மரத்தையே வேரோடு பிடுங்கி வந்து அம்மா வாசலில் போட்டான் என்று பாடுவார்கள். பிறகு பொறாமைக்குப் பயந்து தாயும் பிள்ளைகளும் ஊர் ஊராக அலைந்தார்கள். நாட்டை சோசோ அரசன் சுமாவோரோ காந்தே பிடித்துக்கொண்டான். கொல்லர் குலத்தில் வந்த அரசன், மந்திரவாதி, இசையறிந்தவன். மக்கள் ஆள் அனுப்பிச் சுந்தியாட்டாவைத் தேடிப் பிடித்து அழைத்து வந்தார்கள். ஏறத்தாழ 1235இல் கிரினாவில் நடந்த போரில் சுமாவோரோ தோற்றான். சேவல் முள் பொருத்திய அம்பு பட்டதும் அவன் மந்திர பலம் போயிற்று என்கிறது கதை.

இரும்புத் தடியும் மரமும் நடந்தவையா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். கிரினாவில் வென்றவனும் அவன் நிறுவிய அரசும் உண்மை. கெய்ரோவில் வாழ்ந்த வரலாற்றாசிரியர் இபுன் கல்தூன் அவனை மாரி ஜாட்டா என்ற பெயரில் குறித்து, 25 ஆண்டுகள் ஆண்டான் என்று எழுதியிருக்கிறார். சுமாவோரோவின் பலாஃபோன் என்று போற்றப்படும் பழைய இசைக்கருவி இன்றும் கினியின் நியாகசோலா கிராமத்தில் ஒரு ஜெலி குடும்பத்தின் காவலில் இருக்கிறது. தோற்ற அரசனின் வாத்தியத்தை வென்ற அரசனின் பாடகர்கள் தலைமுறை தலைமுறையாகப் பேணுகிறார்கள். 2001இல் யுனெஸ்கோ அதை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாக அறிவித்தது.

வெற்றிக்குப் பிறகு கூருகன் ஃபூகா என்ற வெளியில் குலத்தலைவர்கள் எல்லாரும் கூடி நாட்டுக்கு விதிகள் வகுத்தார்கள் என்பது ஜெலிகள் சொல்லும் செய்தி. யார் யாருக்கு என்ன கடமை, எந்தக் குலம் எந்தக் குலத்தோடு எப்படிப் பழக வேண்டும் என்றெல்லாம் அதில் உண்டு. அதில் எனக்குப் பிடித்தது கேலி உறவு. இன்ன குலத்துக்காரரை இன்ன குலத்துக்காரர் என்ன வேண்டுமானாலும் கிண்டல் செய்யலாம், கேட்பவர் கோபப்படக்கூடாது. நம் ஊரில் மாமன் மச்சான் முறை உள்ளவர்கள் ஒருவரை ஒருவர் வாரிக்கொள்வதைப் போலத்தான். பகை முற்றுவதற்கு முன்பே சிரித்துக் கரைத்துவிடுகிற ஏற்பாடு. மேற்கு ஆப்பிரிக்காவில் இன்றும் இது உயிரோடு இருக்கிறது. மாந்தேன் சாசனம் என்ற பெயரில் 2009இல் யுனெஸ்கோ பட்டியலில் இந்த மரபும் ஏறியது.

சுந்தியாட்டாவுக்குப் பிறகு வந்தவர்களைத் தெரிந்துகொள்ள இபுன் கல்தூனிடம்தான் போக வேண்டும். மகன் மன்சா உலி மெக்காவுக்குப் போய்வந்தார். அவர் தம்பி கலிஃபாவுக்குப் புத்தி பேதலித்திருந்தது. பொழுதுபோக்காக ஆட்கள் மேல் அம்பு எய்து கொன்றார், கடைசியில் மக்களே அவரைக் கொன்றார்கள். கொஞ்சம் கழித்துச் சக்கூரா என்றொருவர் ஆட்சியைக் கைப்பற்றுகிறார். அரச குடும்பத்தவர் அல்ல. அக்குடும்பத்தின் அடிமையாக இருந்து விடுபட்டவர். அவர் காலத்தில்தான் மாலியின் எல்லை வெகுதூரம் விரிந்தது, வணிகர்கள் திரண்டு வந்தார்கள். அவரும் மெக்கா போனார். திரும்பும் வழியில் கொல்லப்பட்டார். அரியணை பழைய குடும்பத்துக்கே போயிற்று. அடிமையாக இருந்தவர் பேரரசை வளர்த்தார் என்பது பெரிய கதை. ஆனால் அந்தப் பெயரை நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

1312இல் மூசா வந்தார். 25 ஆண்டுகள் ஆண்டார். 1324இல் மெக்கா போகும் வழியில் கெய்ரோவில் தங்கியதுதான் அவரை உலகறியச் செய்தது. சில ஆண்டுகள் கழித்து அந்த நகரத்துக்கு வந்து விசாரித்த அரபு அறிஞர் அல்-உமரி கேட்டதை எல்லாம் எழுதி வைத்தார். மூசா 100 சுமை பொன்னோடு புறப்பட்டாராம். கெய்ரோ அவையில் ஓர் அதிகாரி பாக்கியில்லாமல் எல்லாருக்கும் பொன் கொடுத்தாராம். எகிப்து சுல்தான் முன் மண்ணை முத்தமிட வேண்டும் என்று சொன்னபோது மறுத்தார். பிறகு, தன்னைப் படைத்த இறைவனை நினைத்தே தலை வணங்குவதாகச் சொல்லித்தான் வணங்கினார். அதுவரை 25 திர்ஹம் வெள்ளிக்காசுக்குக் குறையாத ஒரு மித்கால் எடைப் பொன், அவர் வந்து போனபின் 22க்கும் கீழே இறங்கி, 12 ஆண்டுகளாகியும் ஏறவில்லை என்கிறார் அல்-உமரி.

இத்தோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். அதே நூலில் அடுத்த செய்தியும் இருக்கிறது. ஒரு தினார் பெறாத சட்டையைக் கெய்ரோ வணிகர்கள் மாலிக்காரர்களிடம் ஐந்து தினாருக்கு விற்றார்கள். வெள்ளந்தியாக நம்பி வாங்கியவர்கள், ஏமாந்தது தெரிந்தபின் எகிப்தியரைக் கண்டாலே சந்தேகப்பட்டார்கள். வாரி வழங்கிய மன்னரோ திரும்பும்போது கைப்பணம் தீர்ந்து அதே வணிகர்களிடம் கடன் வாங்கினார். மூசாவின் சொத்து 40,000 கோடி டாலர் என்று சுற்றி வரும் கணக்குக்கு அடிப்படையே கிடையாது. அவர் கஜானாவில் மொத்தம் எவ்வளவு இருந்தது என்று அக்காலத்தவர் எவரும் எழுதவில்லை. பொன் விளைந்த பகுதி மக்களை மாலி அரசர்கள் நேரடியாக ஆளவும் இல்லை. மதம் மாற்ற முயன்றபோதெல்லாம் தோண்டும் பொன் குறைந்ததால், அவர்களை அவர்கள் போக்கில் விட்டுக் காணிக்கை மட்டும் வாங்கிக்கொண்டார்கள்.

அடுத்து, அமெரிக்காவைக் கொலம்பசுக்கு முன்பே கண்டுபிடித்த இரண்டாம் அபுபக்கரி என்று வருகிற செய்தி. தமக்கு முன் ஆண்ட அரசர், கடலின் மறுகரையைப் பார்க்க முதலில் 200 கப்பல்களை அனுப்பினார், ஒன்றுதான் மீண்டது, பிறகு 2,000 கப்பல்களோடு தாமே போனார், திரும்பவே இல்லை என்று மூசா கெய்ரோவில் ஓர் அதிகாரியிடம் சொன்னது உண்மை. அந்த அரசரின் பெயரை அல்-உமரி எழுதவில்லை. இபுன் கல்தூனின் வரிசையில் மூசாவுக்கு முன் இருப்பவர் பெயர் முகம்மது. அபுபக்கரியும் அமெரிக்காவும் பின்னால் ஒட்டப்பட்டவை.

மூசாவின் புகழ் ஐரோப்பாவுக்கும் போனது. 1375இல் மயோர்க்காத் தீவில் வரைந்த கட்டலான் நிலப்பட ஏட்டில், கையில் பொற்கட்டியோடு முடிசூடி அமர்ந்திருக்கிறார். மாலியின் திம்புக்தூ நகரத்து ஜிங்கரேபர் மண் மசூதியை அவர் கட்டுவித்ததாகச் சொல்கிறார்கள். சொந்த ஊர் ஜெலிகளோ அவரை அவ்வளவாகப் பாடுவதில்லை. முன்னோர் சேர்த்த பொன்னை வெளியூரில் கரைத்தவர் என்று குறை சொல்கிற மரபும் உண்டு. கொடை வாங்கியவர்கள் கெய்ரோக்காரர்கள்; புகழ்ந்தவர்களும் அவர்களே.

இனி நான் சொல்ல வந்த மன்னருக்கு வருகிறேன். மூசாவின் தம்பி சுலைமான். 1341 முதல் 1360 வரை ஆண்டார். அவருடைய நாட்டுக்கு 1352இல் போனவர் பயணி இபுன் பதூதா. நமக்கும் தெரிந்தவர்தான்: 1344 வாக்கில் இலங்கையில் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்தவர், மதுரை சுல்தான் அவையிலும் இருந்தவர். மாலத்தீவில் 4,00,000 சோழிகளை ஒரு தினாருக்கு விற்கக் கண்ட அவரே, மாலியிலும் காவோவிலும் 1,150 சோழிக்கு ஒரு தினார் என்று மாறக் கண்டார். இந்தியப் பெருங்கடலின் சோழி, சகாராவுக்குத் தெற்கே காசு!

மாலியில் அவருக்கு மன்னரின் வரவேற்புக் கொடை வருகிறது என்று சொன்னார்கள். பட்டாடையும் பணமும் என்று எழுந்து நின்றார். வந்தவை மூன்று ரொட்டி, ஒரு துண்டு பொரித்த மாட்டிறைச்சி, ஒரு குடுக்கைத் தயிர். சிரித்துவிட்டார். பிறகு அவைக்கே போய், பிற மன்னர்களிடம் உங்களைப் பற்றி என்ன சொல்வேன் என்று கேட்டதற்கு அப்புறம்தான் வீடும் படியும் கிடைத்தன. சுலைமான் கஞ்சன் என்று எழுதி வைத்துவிட்டார். தன் மக்களுக்கே அவரைப் பிடிக்காது என்றும் எழுதினார்.

அதே இபுன் பதூதா இன்னொன்றையும் நேரில் பார்த்து எழுதினார். ஒரு வெள்ளிக்கிழமை மசூதியில் தொழுகை முடிந்ததும் ஒரு வணிகர் எழுந்து முறையிட்டார். வலாத்தா நகரத்து அதிகாரி தன்னிடம் 600 மித்கால் பெறுமான பொருளை எடுத்துக்கொண்டு, 100 மித்கால்தான் தருவேன் என்கிறார் என்றார். 600 மித்கால் என்பது நம் கணக்கில் 300 பவுனுக்கு மேல். சுலைமான் அந்த அதிகாரியை வரவழைத்தார். வழக்கை நீதிபதியிடம் விட்டார். வணிகருக்கு முழுத்தொகை கிடைத்தது, அதிகாரிக்கு வேலை போயிற்று. இந்த நாட்டில் வழிப்போக்கருக்குத் திருடர் பயம் இல்லை, வெளிநாட்டவர் இறந்தால் அவர் சொத்தை யாரும் தொடுவதில்லை, உரியவர் வந்து வாங்கும்வரை நம்பகமானவரிடம் ஒப்படைக்கிறார்கள் என்றும் அந்தப் பயணி பாராட்டுகிறார்.

திருநாள்களில் ஜெலிகள் பறவையைப் போல இறகு உடுத்தி, சிவந்த அலகு வைத்த முகமூடி அணிந்து அரசர் முன் வருவார்களாம். இந்த ஆசனத்தில் முன்பு இன்னார் இருந்தார், இன்ன நன்மை செய்தார், நீயும் செய்தால் உனக்குப் பின் அதைச் சொல்வோம் என்று அரசரின் முகத்துக்கு நேரே பாடுவார்களாம். இபுன் பதூதாவுக்கு அது கோமாளித்தனமாகப் பட்டது. ஆள்கிறவருக்கு எதிரே நின்று இதைச் சொல்ல ஓர் அவையில் உரிமை இருந்தது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

எல்லாம் பொற்காலம் என்று எழுத மாட்டேன். அரசர் முன் பேசும்போது குடிமக்கள் தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொண்டார்கள். அடிமை வணிகம் தாராளமாக நடந்தது. இபுன் பதூதா ஊர் திரும்பிய வணிகக் கூட்டத்தில் மட்டும் 600 அடிமைப் பெண்கள் இருந்தார்கள். அந்த நாட்டு வழிகளின் பாதுகாப்பு அவர்களுக்கானதாக இல்லை.

சுலைமானுக்குப் பின் சரிவு. இரண்டாம் மாரி ஜாட்டா, முன்னோர் பொக்கிஷமாக வைத்திருந்த பெரும் பொற்பாறையை எகிப்திய வணிகர்களுக்கு அடிமாட்டு விலைக்கு விற்றார். தூக்க நோயில் இறந்தார். அடுத்து வந்த இரண்டாம் மூசா நல்லவர், ஆனால் அதிகாரம் அமைச்சர் கைக்குப் போயிற்று. 1433 வாக்கில் திம்புக்தூ சகாராவின் துவாரெக் மக்களிடம் போனது. பிறகு சொங்காய் அரசு எழுந்தது. 1960இல் பிரெஞ்சு ஆட்சியிலிருந்து விடுபட்ட நாடு மாலி என்ற பெயரை மீண்டும் சூடிக்கொண்டது. முதல் குடியரசுத் தலைவர் மொதிபோ கெய்த்தா; கெய்த்தா என்பது சுந்தியாட்டாவின் குலப்பெயர்.

இந்த அரசர்களில் யார் பெரியவர் என்று கேட்டால் என் ஓட்டு, அந்த வெள்ளிக்கிழமைக்காக, கஞ்சன் சுலைமானுக்கு. வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளைகளுக்கு எந்த நாட்டு ராஜா கதையைச் சொன்னாலும், அவர் எவ்வளவு வைத்திருந்தார், எவ்வளவு கொடுத்தார் என்பதோடு, அவருடைய அதிகாரி மேல் ஒரு சாமானியர் புகார் சொல்ல முடிந்ததா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்