மீனை நினைத்தார், ஆற்றை மறந்தார்

விசுவாசத்தைக் கைவிட்ட ஒருவரை அணுகி, "எந்த நாளிலே கைவிட்டீர்?" என்று வினவினால் அவர் திகைப்பார். நாளையும் கிழமையையும் சொல்ல அவரால் இயலாது. வள்ளத்தைக் கரையிற் பிணித்த கயிறு ஒரே நாளில் அறுவதில்லை. உப்புநீரில் ஊறி, வெயிலிற் காய்ந்து, புரிபுரியாக இற்று, காற்றே இல்லாத ஓரிரவிலே வள்ளம் தானாக நகர்ந்து போய்விடும். விடியற்காலையில் வந்து பார்ப்பவன், "இரவு புயல் அடித்ததோ?" என்று கேட்பான். புயல் அடிக்கவில்லை.

கயிற்றை இப்படி இற்றுப்போகச் செய்வனவற்றுள் மனக்குறையே முதன்மையானது என்பது என் எண்ணம். துன்பம் அன்று, மனக்குறை. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவோர் பலர். துன்பம் மிகுந்தால் நம்பிக்கை குறையும் என்று ஏதோ வாய்பாடு போலச் சொல்லுவார்கள். முள்ளிவாய்க்கால் மக்களோடு சிறிது பழகியவர் எவரும் அப்படிச் சொல்லத் துணியார்.

முல்லைத்தீவு மாவட்டத்திலே, ஒருபுறம் நந்திக்கடல் நீரேரியும் மறுபுறம் இந்து சமுத்திரமும் நெருக்க, நடுவே ஒடுங்கிக் கிடக்கும் மணற்றரை அது. 2004 மார்கழி 26ஆம் நாள் அக்கரையோரத்தைக் கடல் வாரிச் சென்றது. அன்று ஞாயிற்றுக்கிழமை. நான்கரை ஆண்டுகள் கழிந்து, 2009 வைகாசியில், வன்னியின் ஊர்களிலிருந்தெல்லாம் துரத்தப்பட்ட ஜனங்கள் அந்த மணலிலே குவிந்தனர். எறிகணை விழுந்தது, பங்கர் என்று பெயரிட்டு மணலிலே குழி தோண்டி இருந்தார்கள். சில நாட்களில் அரிசியும் உப்பும் தண்ணீருமாகக் காய்ச்சிய கஞ்சி கிடைத்தது. சில நாட்களில் அதுவும் இல்லை. அம்மக்களோடு குருமாரும் இருந்தனர். மரியாம்பிள்ளை சரத்ஜீவன் அடிகளார் கடைசி நாள்வரை அவர்களுடன் இருந்து, மே 18ஆம் நாள் வெளியே வருகையிலே உயிர் துறந்தார். யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபர் பிரான்சிஸ் யோசப் அடிகளார், அதே நாளில் சரணடைந்தோருடன் சென்றவர், இன்றுவரை திரும்பவில்லை.

அங்கே நம்பிக்கை இழந்தார் எவரும் இலர் என்று நான் சொல்ல வரவில்லை. பிள்ளையைக் குழியிலிட்டு மணலால் மூடிய தாய் அதன்பின் செபமாலையைத் தொடவில்லையென்றால், அவளைக் கேள்வி கேட்க எனக்கு வாயில்லை. ஆயினும், செட்டிகுளத்து மனிக் பாம் முகாமிலே, முட்கம்பிக்குள்ளே, கூடாரங்களின் நடுவே பூசை நடந்தது, ஜனங்கள் நின்றார்கள். கஞ்சி குடித்த காலத்திலே அறாத கயிறு, வீடும் விளக்கும் வந்த பின்னர்ச் சிலருக்கு ஏன் இற்றுப்போயிற்று என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட விஷயம்.

இதற்கு விடை தேடி நெடுந்தூரம் போக வேண்டுவதில்லை. மோசேயின் ஆகமங்களிலே இருக்கிறது. இஸ்ரவேலர் எகிப்தில் அடிமைகளாய்ச் செங்கல் அறுத்த காலத்தில் முறையிட்டார்கள், அம்முறையீடு கேட்கப்பட்டது. விடுதலை பெற்று வனாந்தரத்தை அடைந்தபின், பசி வந்தபோது முறுமுறுத்தார்கள். அப்போதும் தண்டனை இல்லை, மன்னா பொழிந்தது. பசித்தவன் கோபப்படுவதை ஆண்டவன் குற்றமாக எடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அதன்பின், எண்ணாகமத்தின் பதினோராம் அதிகாரத்திலே, வயிறு நிரம்ப மன்னா கிடைத்துக்கொண்டிருந்த காலத்தில் இன்னுமொரு முறுமுறுப்பு எழுகிறது. எகிப்திலே விலையின்றித் தின்ற மீனும் வெள்ளரிக்காயும் வெங்காயமும் பூண்டும் நினைவுக்கு வருகின்றன, வாயூறுகிறது, மன்னா கசக்கிறது. அங்கேதான் கோபம் மூண்டது.

அந்த மீன் எந்த நீரிலே பிடித்த மீன்? நைல் ஆற்றிலே. அதே ஆற்றிலேதான் அவர்களுடைய ஆண் குழந்தைகளை எறிந்துவிடும்படி பார்வோன் கட்டளையிட்டான். மீன் நினைவிலிருக்கிறது; ஆறு மறந்துபோயிற்று. மனக்குறையின் இயல்பை இதனினும் தெளிவாகக் காட்டுவதற்கு வேறு உவமை எனக்குக் கிடைக்கவில்லை. மனக்குறைக்கு ஞாபகசக்தி அதிகம் என்பார்கள். உண்மையில் அதற்கு உள்ளது பாதி ஞாபகம். தனக்கு வேண்டியதை மாத்திரம் நினைத்து, மற்றதைத் துடைத்துவிடும்.

இவ்விடத்தில் ஒன்றை வற்புறுத்திச் சொல்லிவைக்கிறேன். இல்லாவிடில் நான் எழுதியதைத் தவறான இடத்திலே எடுத்தாளுவோர் இருக்கிறார்கள். காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் 2017 மாசியில் கிளிநொச்சியில் அமர்ந்தார்கள். வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் அப்படியே அமர்ந்தார்கள். பிள்ளையின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு, "எங்கே?" என்ற ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "உள்ளதே போதும் என்று இருங்கள் அம்மா" என்று அவர்களுக்குப் போதிப்பவர் வேதம் அறியாதவர். அநியாயக்கார நீதிபதியின் வாசலை விடாது தட்டிய விதவையை இயேசுநாதர் விசுவாசத்துக்கே முன்மாதிரியாகக் காட்டினார்; லூக்காவின் பதினெட்டாம் அதிகாரத்தைப் பார்க்க. மன்னார் ஆயராயிருந்த இராயப்பு யோசப் ஆண்டகை 2011 தையில், விசாரணை ஆணைக்குழுவின் முன்னே, 1,46,679 பேர் என்னவானார்கள் என்று கணக்குக் கேட்டார். 2021இல் இறக்கும்வரை அவர் அக்கேள்வியைத் திரும்பப் பெறவில்லை. அது மனக்குறையன்று, முறையீடு. சங்கீதங்களிலே எண்பத்தெட்டாவது இருளிலேயே முடிகிறது. ஆறுதல் வரி ஒன்றும் இறுதியில் இல்லை. எனினும் அது செபமே. ஏனெனில் பாடியவன் ஆண்டவனை நோக்கியே பேசினான். முறுமுறுப்போ ஆண்டவனோடு பேசுவதில்லை. ஆண்டவனைப்பற்றி அயலவனோடு பேசுகிறது.

இதைப் படிக்கும் மாணவர்க்குச் சரித்திரத்திலிருந்தும் ஒரு செய்தி கூறலாம். 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியதும், கத்தோலிக்கக் குருமாருக்கு ஒளிப்பிடம் கொடுப்போருக்கு மரணதண்டனை என்று பறைசாற்றினர். தங்கள் சீர்திருத்த சபையிலே ஞானஸ்நானம் பெற்றோருக்கே உத்தியோகமும் காணியும் என்றாயிற்று. ஜனங்கள் திரளாகச் சேர்ந்தார்கள். எமர்சன் டெனன்ற் 1850இல் வெளியிட்ட நூலின்படி, 1802இல் யாழ்ப்பாணத் தமிழருள் அச்சபையைச் சார்ந்தோராக எழுதப்பட்டவர் 1,36,000 பேர். ஆட்சியோ அதற்கு முன்னரே ஆங்கிலேயர் கைக்கு மாறிவிட்டது. உத்தியோகத்துக்கு ஞானஸ்நானம் வேண்டியதில்லை என்றாகிவிட்டது. 1806இல் அங்கே வந்த புக்கானன் என்ற போதகர் கண்டது இடிந்த ஆலயங்களையே. சபை மறைந்துவிட்டது. எவரும் அவர்களைத் துன்புறுத்தவில்லை, வாளெடுத்து வெட்டவில்லை. வருவது நின்றது, அவ்வளவே.

அதே ஒல்லாந்தர் காலத்திலே, மாந்தையிலிருந்து இருபது குடும்பங்கள் ஒரு மாதா சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு வன்னிக் காட்டுக்குள்ளே போயின என்பது மடுவின் வரலாறு. அவர்களுக்கு உத்தியோகமும் இல்லை, குருவும் இல்லை. 1687இல் யோசப் வாஸ் முனிவர் பிச்சைக்காரர் கோலத்திலே இலங்கையில் வந்திறங்கியபோது, கிடைத்ததனாற் சேர்ந்தவர்களை அல்ல, இழந்தும் இருந்தவர்களையே தேடிக் கண்டார். காட்டுக்குள் போனது இருக்கிறது; கச்சேரிக் கணக்கில் ஏறியது போய்விட்டது. (ஒல்லாந்தர் கட்டிய கோட்டைகள் இன்றும் நிற்கின்றன என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அவர்கள் கல்வேலையில் வல்லவர்.)

போன நூற்றாண்டுகளின் கதை இருக்கட்டும். இன்றைய முள்ளிவாய்க்காலுக்கு வருவோம். மீள்குடியேற்றத்தின்பின் சீமெந்துக் கல்லிலே வீட்டுத்திட்ட வீடுகள் எழுந்தன. ஒருவர் வீடு பூச்சுப் பூசி முடிந்தது. அடுத்தவர் வீடு பாதியில் நிற்கிறது. இன்னொரு வளவிலே கனடாக் காசு வந்து மாடி எழும்புகிறது. கடலிலே வெளியார் வெளிச்சம் பாய்ச்சியும் சுருக்குவலை போட்டும் மீனை அள்ள, கரைவலைக்காரனுக்கு வெறும் மடி. நுண்கடன் கொடுத்தவன் கிழமைதோறும் படலையடியில் வந்து நிற்கிறான். இந்நிலையில் ஞாயிறு பூசைக்குப் போகிற மனிதன் முழந்தாளிட்டபடியே கணக்குப் பார்க்கத் தொடங்குகிறான்: "இத்தனை நேர்த்தி வைத்தேன், இத்தனை திரி கொளுத்தினேன், அவனுக்குக் கொடுத்தவர் எனக்கு ஏன் கொடுக்கவில்லை?" தவணை கட்டிய பின்னும் பொருளைத் தராத கடைக்காரரைப் போல ஆண்டவர் அவன் கண்ணுக்குத் தோன்றுகிறார். கடை மாற்றுவது பின்னர் அவனுக்கு ஒரு பெரிய காரியமா? ஓரிடத்தில், வெள்ளிக்கிழமை வந்தால் விசா கிடைக்கும் என்கிறார்கள், அங்கே போகிறான். கிடைக்காவிடில் இன்னுமோரிடம். இறுதியில் எங்கும் போவதில்லை. பரீட்சைக்கு முன் அழுது செபித்த மாணவன், பக்கத்திலிருந்து படித்த நண்பன் மருத்துவ பீடத்துக்குப் போக, தான் போகாதபோது செய்வதும் இதுதான். திருநாளிலே சுரூபம் தூக்கும் முறை தன் குடும்பத்துக்கு வரவில்லை என்று கோவிலையே விட்டவர்களையும் நான் அறிவேன். அவர்களிடம் காரணம் கேட்டால் தத்துவம் பேசுவார்கள்.

இன்னொரு வகை உண்டு. அதை எழுதத் தயக்கமாயிருக்கிறது. மாடி எழும்பும் வளவின் பிள்ளை கனடாவில் இருக்கிறான். பாதியில் நிற்கும் வீட்டின் பிள்ளை படத்தில் மாத்திரம் இருக்கிறான். அந்த வீட்டுத் தாய் பக்கத்து மாடியைப் பார்க்கும் பார்வையில் துக்கம் எவ்வளவு, பொறாமை எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எந்தக் குருவாலும் முடியாது. அவளாலும் முடியாது. ஆசாப் என்ற பாடகன் தன் சங்கீதத்திலே, எழுபத்துமூன்றாவது அது, துன்மார்க்கரின் செழிப்பைக் கண்டு பொறாமைப்பட்டுக் கால் சறுக்கும் நிலைக்கு வந்ததை மறைக்காமல் எழுதிவைத்தான். கோவிலுக்குள் போனபின்தான் அவனுக்குத் தெளிவு பிறந்தது. போவதற்கு முன்னர், அந்தக் கசப்போடே அவன் போனான் என்பது எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. கசப்பு மாறிய பின் வருகிறேன் என்று வெளியே நின்றிருந்தால் அச்சங்கீதம் நமக்குக் கிடைத்திராது.

முள்ளிவாய்க்கால் கிழக்கிலே ஓர் ஆலயம் இருக்கிறது. 2017 வைகாசியில், இறந்தவர்களின் பெயர் பொறித்த கற்களை அதனருகே வைத்து நினைவுகூர முனைந்தபோது நீதிமன்றத் தடை வந்தது. பத்திரிகைகளில் அவ்வாலயத்தின் பெயரைப் பலர் படித்திருப்பீர்கள். நம் முன்னோர் சின்னப்பர் என்று அழைத்த பவுலடியாரின் ஆலயம் அது. பிலிப்பியருக்கு அவர் எழுதிய நிருபத்திலே, நிறைவிலும் குறைவிலும் மனநிறைவோடிருப்பதைத் தாம் கற்றுக்கொண்டதாகச் சொல்லுகிறார். எழுதிய இடம் சிறைச்சாலை. கற்றுக்கொண்டதாக என்ற சொல்லை நம் பிரசங்கிமார் வேகமாகக் கடந்துபோய்விடுகிறார்கள். பிறவியிலே அது அவருக்கு அமையவில்லை. பிரம்படியிலும் கப்பற்சேதத்திலும் கற்றார். அவரோடு தேமா என்றொருவன் இருந்தான். கொலோசெயருக்கும் பிலேமோனுக்கும் எழுதிய நிருபங்களில் அவன் பெயர் நற்பெயராக வருகிறது. தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில், இவ்வுலகத்தின்மேல் ஆசைவைத்துத் தெசலோனிக்கேக்குப் போய்விட்டான் என்ற செய்தி மாத்திரம் இருக்கிறது. அவனை எவரும் அடித்ததாகவோ மிரட்டியதாகவோ எழுதப்படவில்லை. தெசலோனிக்கே நல்ல வியாபாரப் பட்டினம்.

ஆண்டுதோறும் மே 18ஐ ஒட்டிய நாட்களில் தமிழூர்கள் பலவற்றில் முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சுகிறார்கள். தெருவோரத்தில் அடுப்பு மூட்டி, அரிசியும் உப்பும் தண்ணீருமாகக் காய்ச்சிச் சிரட்டையிலே வார்த்து, போவோர் வருவோர்க்கெல்லாம் கொடுக்கிறார்கள். மன்னாவிலும் ஓர் ஓமர் அளவை ஒரு பாத்திரத்தில் இட்டு, பின்வரும் சந்ததியார் காணும்படி வைக்கச் சொன்னதாக யாத்திராகமம் கூறும். அந்தப் பாத்திரத்து மன்னாவை எவரும் உண்டதில்லை. இந்தக் கஞ்சியோ குடிப்பதற்கே கொடுக்கப்படுகிறது. 2009க்குப் பின் பிறந்த பிள்ளைகள் ஒரு மிடறு குடித்துவிட்டு முகஞ்சுளித்து, "இதிலே தேங்காய்ப்பால் விடவில்லையா, அம்மம்மா?" என்று கேட்கிறார்கள். அம்மம்மா சிரட்டையை வாங்கி, மிச்சத்தைத் தான் குடித்துவிட்டு, கேட்ட பிள்ளைக்கு ஆற்றைப் பற்றிச் சொல்லத் தொடங்குகிறாள்.